ஆளுமை போதாது

சாரல் இறங்கியதும் குற்றாலத்துக்கு ஒரு தனிக்கூட்டம் வரும். காலையில் கல்லூரியில் ‘ஆளுமைத் திறன் மேம்பாடு’, மாலையில் ஐந்தருவி. கோட்டு மாட்டி வந்து ஒரு தாளைக் கொடுத்து டிக் அடிக்கச் சொல்வார்கள்; அரை மணி நேரத்தில் பிள்ளையின் சுபாவம் நாலு ஆங்கில எழுத்தில் அடங்கிவிடும். மையர்ஸ்-பிரிக்ஸ் தேர்வின் மலிவு நகல் அது. மூலத்தை உருவாக்கிய தாயும் மகளும் முறையாக உளவியல் படித்தவர்கள் அல்ல. வேலைக்கு ஆள் எடுக்க இதைப் பயன்படுத்தாதீர்கள் என்று அதை விற்கிற நிறுவனமே சொல்கிறது. கிளி ஜோசியராவது ஒரு பரிகாரம் சொல்லி அனுப்புவார்.

“நீ இன்ட்ரோவெர்ட்மா, இன்டர்வியூல நிக்க மாட்ட.”

கேட்டுக்கொண்டு தலைகுனிந்து நிற்பவள் பாவூர்சத்திரம் பக்கத்துப் பிள்ளை. காலேஜ் விட்டு வந்ததும் அம்மாவோடு தட்டை மடியில் வைத்துப் பீடி சுற்றுகிறவள். பீடிக்கடையில், “சொத்தை இலையைக் குடுத்துட்டு ஆயிரம் பீடி எங்கன்னு கேட்டா எப்படி அண்ணாச்சி?” என்று மல்லுக்கு நின்று, கழித்துப் போட்ட பீடிக்கும் கூலி வாங்கி வருகிறவள். இவளுக்குத்தான் பேச வராதாம்!

வேலை எங்கே என்று கேட்டால் மத்தளம்பாறையைக் கைகாட்டுவார்கள். 2011-ல் வந்த ஜோஹோ அங்கே இருக்கிறது, சந்தோஷம். ஒரு கம்பெனி வாசலில் ஒரு மாவட்டத்தையே வரிசையில் நிறுத்த முடியுமா? அரசு வேலை என்றால், 2024 குரூப் 4 தேர்வுக்கு முதலில் அறிவித்த இடம் 6,244. விண்ணப்பித்தவர்கள் 20 லட்சத்துக்கும் மேல். கிடைக்காத அத்தனை பேருக்கும் ஆளுமையில்தான் கோளாறு போலிருக்கிறது.

பிள்ளைகளை வேலைக்குத் தயார் செய்யும் பொறுப்பை யார் தலையில் கட்டுகிறார்கள்? பிஎச்.டி. முடித்து, நெட் தேறி, நிரந்தர வேலைக்கு நரைக்கும்வரை காத்திருக்கும் கௌரவ விரிவுரையாளர் தலையில். அரசுக் கல்லூரியில் 2025-ல் அவருக்கு மாதம் 25,000 ரூபாய், அதுவும் 11 மாதம். 50,000 வரை கொடுக்கலாம் என்று யுஜிசி சொன்னது 2019-ல். சம்பளமில்லாத மே மாதத்தில் அவருக்குப் பசிக்காது என்பது அரசாங்கத்தின் கணக்கு. அவர் மேடையேறி ‘கேரியர் பிளானிங்’ நடத்த வேண்டும்.

எல்லாம் கல்லூரிக்குத் தரமதிப்பீடு போடும் நாக் (NAAC) குழுவுக்கான ஃபைலுக்குத்தான். ஜியோடேக் போட்டோவில் அட்சரேகை, தீர்க்கரேகை, தேதி, நேரம் துல்லியமாக விழும். கடைசி பெஞ்சுப் பிள்ளைகள் சிரிக்கும்வரை திரும்பத் திரும்ப எடுப்பார்கள். படிப்பு முடிந்து பிள்ளை எங்கே போனாள் என்று நிரப்பவும் அதே ஃபைலில் ஒரு பக்கம் உண்டு. நிரப்ப வேண்டியவருக்கு அது மே மாதம்.