மாப்பிள்ளைக்குத் தெரியாததா!

உக்காருங்க மாப்ள, மோரு குடிங்க. சென்னையில ஒம்பதாவது மாடியில வீடு வாங்கியிருக்கீங்க, சூரியனுக்கு எங்க எல்லாரையும்விட நீங்கதான் கிட்டக்க. ஆனா பேத்தி ரத்தத்துல வைட்டமின் டி 8-ன்னு சீட்டு வந்திருக்கு. 20-க்கு மேல இருக்கணுமாமே. எங்க கரிசக்காட்டு வெயிலுக்கு வரி போட்டா அரசாங்கம் கடனையே அடைச்சிரும். அந்த மண்ணுல பொறந்தவ பெத்த புள்ளைக்கு வெயில் பத்தலையாம்!

“பால்கனிக் கண்ணாடிக்குப் பின்னால தினமும் உக்கார வைக்கிறேனே மாமா”ன்னீங்க. படிச்சவங்க யோசனை! தோலுல டி சத்தை உண்டாக்குற கதிரைக் கண்ணாடி மறிச்சிரும், உள்ள வர்றது வேக்காடு மட்டும்தான். நான் மட்டும் என்ன, விடியக்காலை இளவெயிலுதான் மருந்துன்னு நாப்பது வருசமா ஊருக்கு உபதேசம் பண்ணினவன். டாக்டரம்மா சிரிச்சிட்டாங்க. நம்ம நிழலு நம்மளைவிடக் குட்டையா விழுற நேரத்துலதான் அந்தக் கதிர் நல்லா இறங்குமாம். அதுக்காகப் புள்ளையக் கருவாடாக் காயப்போடச் சொல்லல. கையி காலு தெரியக் கொஞ்ச நேரம் ஆடட்டும்.

போன செவ்வாக்கிழமை பேத்திக்குத் தலைவலி வந்தப்ப நீங்க ஆபீசுல. நான்தான் பக்கத்துல இருந்தேன். நெத்தி ரெண்டு பக்கமும் பிடிச்சுக்கிட்டா. ஃபிரிட்ஜைத் திறந்த வெளிச்சத்துக்கே கண்ணை இறுக்கிக்கிட்டா. ரெண்டு வாந்தி. திரையை இழுத்துவிட்டு நெத்தியில ஈரத்துணி போட்டேன். ஒரு மணி நேரம் தூங்கி எந்திரிச்சவ, “தாத்தா, தோசை”ங்கிறா! பெரியவங்களுக்குத்தான் ஒத்தைத் தலைவலியா வரும், சின்னதுகளுக்கு ரெண்டு பக்கமும் பிடிக்குமாம்.

தூங்குனா விடுற வலி, தூக்கம் கெட்டா வராம என்ன செய்யும்? பத்து வயசுக்கு 9 மணி நேரமாவது தூங்கணும். இவ பன்னெண்டுக்குப் படுத்து, ஸ்கூல் வேனுக்கு ஆறு மணிக்கு எந்திரிக்கிறா. வெறும் வயித்தோட ஓடுறா. நீங்க கணக்குல புலியாச்சே, கழிச்சுப் பாருங்க.

அப்புறம் டாக்டரம்மா எழுதிக் குடுத்த அந்த டி சத்துப் பொடி. வாரம் ஒரு பாக்கெட், 60,000 யூனிட். “தினமும் குடுத்தா சீக்கிரம் ஏறாதா டாக்டர்?”னு கேட்டீங்க பாருங்க, எனக்கு நாற்காலிக்கு அடியில ஒளிஞ்சுக்கலாம்போல இருந்துச்சு. டி கொழுப்புல தங்குற சத்து. அளவு மிஞ்சினா ரத்தத்துல சுண்ணாம்புச் சத்து ஏறி, அதுவே தலைவலி, வாந்தின்னு கொண்டாந்து விடும். அவங்க பொடி எழுதினது குறைஞ்ச டி-க்கு. தலைவலி அதனாலதான் விடும்னு அவங்க சத்தியம் பண்ணல. டி குறைஞ்சதால வலியா, வலிக்குப் பயந்து வீட்டுக்குள்ளயே கெடந்ததால டி குறைஞ்சுதா? கோழி முந்தியா முட்டை முந்தியா கதைதான்.

ஆமா, பச்சை லைட்டு மினுக்குற அந்த வைஃபை டப்பா ராத்திரி எட்டரைக்கு மேல காணாமப் போகுதுன்னு தேடுறீங்களாமே. எங்க வேணும்னாலும் தேடுங்க மாப்ள, அரிசி டிரம்மை மட்டும் திறந்துறாதீங்க.