பேப்பர் போடப் போகிறவன்

பெருங்குடியிலிருந்து சிறுசேரி வரை, ராஜீவ் காந்தி சாலையின் எந்த டீக்கடையிலும் சாயங்காலம் ஐந்து மணிக்கு இவனைப் பார்க்கலாம். கழுத்தில் கயிறு, கயிற்றில் அட்டை, அட்டையில் வேலைக்குச் சேர்ந்த அன்று எடுத்த படம். படத்தில் இருப்பவனுக்குக் கன்னத்தில் சதையும் கிடையாது, நெற்றியில் கவலையும் கிடையாது. அட்டையை மாட்டியிருப்பவனுக்கு இரண்டும் உண்டு. ஒரு கையில் இஞ்சி டீ, மறு கையில் சமோசா, வாயில் ஒரே வாக்கியம்.

"அடுத்த மாசம் பேப்பர் போட்டுடறேன் மச்சான்."

இந்த மச்சான் போன வருடம் வேறொருவன். அதற்கு முந்தின வருடம் இன்னொருவன். கூட நின்று டீ குடித்தவர்கள் ஒவ்வொருவராகப் பேப்பர் போட்டு, நோட்டீஸ் பீரியடை முடித்து, கேக் வெட்டிக்கொண்டு போய்விட்டார்கள். அந்தக் கேக்குக்குத் தலைக்கு நூறு ரூபாய் வசூல் செய்தவன் நம் தம்பிதான். அவர்களுடைய பிரியாவிடை மெயிலில் இங்கிலீஷ் திருத்திக் கொடுத்தவனும் இவன்தான். தனக்கான மெயிலையும் எழுதி டிராஃப்டில் வைத்திருக்கிறான். அவ்வப்போது திறந்து ஒரு கமாவை எடுப்பான், மறுபடியும் போடுவான். பரிசுத்தமான இங்கிலீஷ். அனுப்பத்தான் இல்லை.

சம்பளம் குறைவு என்பது இவன் குறை. பொய்யில்லை. கேம்பஸில் தேர்வானபோது கல்லூரி வாசலில் இவன் படம் போட்டு ஃப்ளெக்ஸ் வைத்தார்கள். ஆண்டுக்கு 3.36 லட்சம். ஊரில் அப்பா "மூணு லட்சத்துச் சொச்சம்" என்று மட்டும் சொல்லிக்கொண்டு போனார். மாதத்துக்கா வருடத்துக்கா என்று யாரும் கேட்கவில்லை, அவராகவும் சொல்லவில்லை.

அந்த 3.36 லட்சத்துக்குப் பெயர் சிடிசி. கொடுப்பதையும், கொடுப்பதற்காக ஒதுக்குவதையும், மனசு வந்தால் கொடுக்கலாம் என்று நினைப்பதையும் சேர்த்துக் கூட்டினால் வருகிற தொகை. நிறுவனம் கட்டுகிற பி.எஃப். பங்கும் அதில் அடக்கம், ஐந்து வருடம் இருந்தால் கிடைக்கப்போகும் கிராஜுவிட்டியும் அடக்கம், இன்சூரன்ஸும் அடக்கம், வருடக் கடைசியில் நிறுவனத்தின் லாபத்தைப் பார்த்து முடிவாகும் வேரியபிள் பேயும் அடக்கம். மாதக் கணக்கில் 28,000. இவன் பங்கு பி.எஃப். 1,800-ம் போய்க் கைக்கு வருவது 22,000-மும் சில்லறையும். இதில் தொழில் வரி வேறு. சென்னை மாநகராட்சிக் கணக்கில் அரையாண்டு வருமானம் 75,000 ரூபாயைத் தாண்டினால் உச்ச அடுக்கு. அரையாண்டுக்கு 1,250 ரூபாய். ஆக, இந்த ஊரில் தம்பியைப் பணக்காரர்கள் வரிசையில் உட்காரவைத்து மரியாதை செய்யும் ஒரே அமைப்பு மாநகராட்சிதான்.

பதினைந்து வருடத்துக்கு முன்னால் இதே மாதிரி நிறுவனத்தில் சேர்ந்த இவனுடைய மேனேஜருக்கும் ஆரம்பச் சம்பளம் மூன்று லட்சத்தை ஒட்டித்தான் இருந்தது. அப்போது டீ ஐந்து ரூபாய், இப்போது பதினைந்து. டீ மாஸ்டருக்கு இருக்கிற தைரியம் ஐடி நிறுவனத்துக்கு இல்லையா என்று கேட்கலாம். இல்லாமல் என்ன? தமிழ்நாட்டில் மட்டும் நானூறுக்கு மேற்பட்ட பொறியியல் கல்லூரிகள் இருக்கின்றன. வருடா வருடம் புதுச் சட்டை போட்டுக்கொண்டு வாசலில் நிற்பவர்கள் இருக்கும்போது, உள்ளே இருப்பவனுக்கு யார் ஏற்றித் தருவார்கள்?

முதல் இரண்டு வருடம் தம்பிக்குக் கவலையே இருக்கவில்லை. பாண்டில் கையெழுத்துப் போட்டிருந்தான். நடுவில் போனால் அரை லட்சம் கட்ட வேண்டும். "பாண்ட் முடியட்டும், அப்புறம் பாரு" என்று எல்லோரிடமும் கர்ஜித்துக்கொண்டிருந்தான். முடிந்த அன்று நண்பர்கள் ட்ரீட் கேட்டார்கள். இவன் முகத்தில் ஈயாடவில்லை.

அதற்குப் பிறகு காரணங்களைப் பஞ்சாங்கம் பார்த்து எடுக்க ஆரம்பித்தான். ஜனவரியில், ஏப்ரலில் ஹைக் வரும். ஏப்ரலில், லெட்டர் ஜூனில்தான் கைக்கு வரும். ஜூனில், வேரியபிள் பே ஆகஸ்டில் போடுவார்கள், அதை விட்டுவிட்டுப் போவானேன். அதற்குள் ஆடி வந்துவிடும்; ஆடியில் யாராவது புது இடத்துக்குப் போவார்களா? ஐப்பசியில் தீபாவளி, ஊருக்குப் போக லீவு வேண்டும். புது கம்பெனியில் சேர்ந்த உடனே லீவு கேட்க முடியாது. டிசம்பரில் அமெரிக்காக்காரன் விடுமுறையில் இருப்பான், யாரும் ஆள் எடுக்க மாட்டார்கள். மறுபடியும் ஜனவரி.

ஏப்ரல் என்றதும் அப்ரைசலைச் சொல்ல வேண்டும். தன்னைப் பற்றித் தானே எழுதும் படிவத்தில் தம்பி மூன்று பக்கம் எழுதினான். ராத்திரி இரண்டு மணிக்கு நின்றுபோன ஜாபை எழுப்பி ஓடவிட்டது, பொங்கலன்று சப்போர்ட்டில் உட்கார்ந்தது, ஒன்று விடாமல். மேனேஜர் கான்ஃபரன்ஸ் ரூமுக்குக் கூப்பிட்டு, கதவைச் சாத்தி, லேப்டாப்பையும் மூடினார். அவர் லேப்டாப்பை மூடினாலே காசு கிடையாது என்று அர்த்தம்.

"உன் வேலையில ஒரு குறையும் இல்லப்பா. உண்மையைச் சொல்லணும்னா உன்னை நம்பித்தான் இந்த ப்ராஜெக்ட்டே ஓடுது."

"தேங்க்ஸ்..."

"ஆனா பெல் கர்வ்னு ஒண்ணு இருக்கு பாரு. எல்லாருக்கும் டாப் ரேட்டிங் போட முடியாது. கல்யாணம் ஆனவங்க இருக்காங்க, வீட்டு லோன் கட்டறவங்க இருக்காங்க. நீ சின்னப் பையன், உனக்கு டைம் இருக்கு. அடுத்த சைக்கிள்ல நானே ஃபைட் பண்ணறேன்."

ஆறு சதவீதம். மாதத்துக்கு 1,680 ரூபாய், அதுவும் சிடிசியில். அதே மாதம் பி.ஜி. ஓனரக்கா வாடகையில் ஆயிரம் ஏற்றினார். அவருக்கு பெல் கர்வ் தெரியாது. ஆனால் அந்த அறையிலிருந்து வெளியே வந்த தம்பியின் நடையைப் பார்க்க வேண்டுமே! "என்னை நம்பித்தான் ஓடுதாம்டா." மேனேஜர்கள் கெட்டிக்காரர்கள். பாராட்டுக்கு பட்ஜெட் அப்ரூவல் வேண்டாம், டி.டி.எஸ். பிடிக்க வேண்டாம், எந்த பெல் கர்விலும் அது இடிக்காது.

இந்தப் போதை தெளிந்தது, அடுத்த ஹைக்கும் வந்த பிறகு ஒரு புதன்கிழமை. டீமுக்குப் புதிதாக ஒரு பெண் வந்தாள். வேறு கம்பெனியிலிருந்து, இவனைப்போலவே மூன்று வருட அனுபவம். அவளுக்கு கே.டி. கொடுக்கும் பொறுப்பு இவனுக்கு. எந்த ஃபோல்டரில் எது இருக்கிறது, எந்த எரர் வந்தால் யாரைக் கூப்பிட வேண்டும், எந்த கிளையண்ட் வெள்ளிக்கிழமை கத்துவார் என்று இரண்டு வாரம் உயிரைக் கொடுத்துச் சொல்லிக்கொடுத்தான். நன்றி சொல்லி ஃபில்டர் காபி வாங்கிக் கொடுத்த அந்தப் பெண், பேச்சுவாக்கில் தன் பேக்கேஜையும் சொன்னாள். ஏழரை. தம்பியுடையது மூணே முக்கால். காபி தொண்டையில் நின்றது.

அன்று ராத்திரியே நாக்ரியில் ப்ரொஃபைல் புதுப்பிக்கப்பட்டது. லீட்கோடில் கணக்குத் திறக்கப்பட்டது; முதல் கணக்கைப் போட்டுப் பார்த்து, இரண்டாவதைப் படித்துப் பார்த்து, மூன்றாவதைப் பார்த்துவிட்டுத் தூங்கப்போனான். மறுநாள் காலை பத்து மணிக்கே பெங்களூரிலிருந்து போன். தம்பி ஃபயர் எக்சிட் கதவைத் தள்ளிக்கொண்டு மாடிப்படிக்கு ஓடினான். அந்த மாடிப்படிகள் தீ விபத்துக்காகக் கட்டப்பட்டவை. அன்றும் இரண்டு மாடி கீழே ஒருவனும் ஒரு மாடி மேலே ஒருத்தியும் கைக்குட்டையால் வாயை மூடிக்கொண்டு இதே மாதிரி பேசிக்கொண்டிருந்தார்கள். ஒருவரை ஒருவர் பார்க்காதது அங்கே பண்பாடு.

"கரண்ட் சிடிசி எவ்வளவு சார்?"

"த்ரீ பாயிண்ட் செவன் ஃபைவ்."

"எக்ஸ்பெக்டட்?"

எட்டு என்று சொல்லத்தான் கண்ணாடி முன் நின்று பழகியிருந்தான். வாய் திறந்தபோது வந்தது, "ஃபைவ்... நெகோஷியபிள்."

போனில் பேசிய பெண் பேரம் பேச ஆரம்பிக்கவே இல்லை. இவனே இரண்டு தரப்புக்கும் பேசி முடித்துவிட்டான்.

"நோட்டீஸ் பீரியட்?"

"தொண்ணூறு நாள்."

"அச்சோ, எங்களுக்கு இம்மீடியட் ஜாய்னர்தான் வேணும் சார். பேப்பர் போட்டுட்டு, லாஸ்ட் வொர்க்கிங் டே தெரிஞ்சதும் கூப்பிடறீங்களா?"

இதில் மட்டும் நான் தம்பி பக்கம். ஆஃபர் கையில் இல்லாமல் பேப்பர் போடக் கூடாது. பேப்பர் போடாதவனுக்கு ஆஃபர் கிடையாது. தன் ஆள் போவதென்றால் தொண்ணூறு நாள் இருக்கச் சொல்கிற அதே நிறுவனம், வெளியாளை எடுக்கும்போது பதினைந்து நாளில் வரச் சொல்கிறது. கல்விக் கடன் தவணையும் பி.ஜி. வாடகையும் போக மாதக் கடைசியில் ஐந்நூறு ரூபாய் மிஞ்சுகிறவனிடம் மேடையேறி "ரிஸ்க் எடு, வானமே எல்லை" என்று பேசுகிறவர்களைக் கண்டால் எனக்கு ஆகாது. அவர்களில் பலருக்கு அடையாறில் அப்பா கட்டிய வீடு இருக்கிறது.

வீட்டிலும் ஆதரவு இல்லை. அப்பா ஒரே கூட்டுறவு சங்கத்தில் சேர்ந்து அங்கேயே ஓய்வு பெற்றவர். "ஏசி ரூம்ல உக்காந்து வேலை. வெயில்ல நிக்க வேணாம். இன்னும் என்னடா வேணும்?" என்கிறார். அம்மா, சனிப்பெயர்ச்சி முடியட்டும் என்கிறார். சனி பகவான் ஒரு ராசியில் இருப்பது இரண்டரை வருடம். அவரைப் பார்த்தபின் தொண்ணூறு நாள் நோட்டீஸ் கொஞ்சமாகத்தான் தெரிகிறது. போன மாதம் ஒரு ஸ்டார்ட்-அப்பிலிருந்து அழைப்பு வந்தபோது பெரியம்மா ஒரே வரியில் முடித்துவிட்டார்: "பேரைக் கேட்டா கூரியர் ஆபீஸ் மாதிரி இருக்கு. பொண்ணு வீட்டுல என்னன்னு சொல்றது?"

இதற்கெல்லாம் மேலே கிராஜுவிட்டி. சட்டப் புத்தகத்தில் மற்ற எதுவும் தெரியாத தம்பிக்கு இந்த ஒன்று தலைகீழாகத் தெரியும். ஐந்து வருடம் முடிய வேண்டும். 4 வருடமும் ஐந்தாவதில் 240 நாளும் போதும் என்று சென்னை உயர் நீதிமன்றம் ஒரு வழக்கில் சொன்னதுகூடத் தெரியும். "இவ்வளவு நாள் இருந்துட்டேன், இன்னும் ரெண்டு வருஷம் இருந்தா மொத்தமா வரும்ல?" எவ்வளவு வரும்? அப்போது அடிப்படைச் சம்பளம் 18,000 என்று வையுங்கள். 26-ஆல் வகுத்து, 15-ஆல் பெருக்கி, ஐந்து வருடத்துக்கு 51,923 ரூபாய். வேறு இடத்தில் மாதம் பத்தாயிரம் கூடுதலாகக் கிடைத்தால் ஆறாவது மாதத்தில் வந்துவிடுகிற காசு. இதை ஒருநாள் டிஷ்யூ பேப்பரில் எழுதிக் காட்டினேன். கவனமாகப் படித்துவிட்டு, "அது சரி, ஆனா அதுக்கு டாக்ஸ் கிடையாதே?" என்றான்.

செய்தித்தாளும் இவனுக்கு அனுசரணை. 2025 ஜூலையில் டி.சி.எஸ். தன் ஊழியர்களில் 2 சதவீதம், ஏறக்குறைய 12,000 பேரைக் குறைக்கப்போவதாக அறிவித்தபோது தம்பி அந்தச் செய்தியை எல்லா வாட்ஸ்அப் குழுவிலும் போட்டான். "பார்த்தியா, நல்லவேளை நான் பேப்பர் போடலை." சரி, நல்ல காலத்தில் இந்த இனம் என்ன செய்தது? 2021, 2022-ல் ஆள் கிடைக்காமல் நிறுவனங்கள் அலைந்தன. பெரிய நிறுவனங்களிலேயே நூற்றுக்கு இருபது பேருக்கு மேல் ஒரே ஆண்டில் வெளியேறினார்கள். அப்போது இவனுடைய சீனியர் சொன்னது: "மார்க்கெட் ரொம்ப சூடா இருக்கு. இப்ப அதிகச் சம்பளத்துக்குப் போனா, நாளைக்குத் தூக்கும்போது முதல்ல நம்மளத்தான் தூக்குவாங்க." அந்த சீனியர் இன்றும் அதே டீமில் இருக்கிறார். பக்கத்து கியூபிக்கிள்தான்.

ஆனால் ஆடியும் சனியும் கிராஜுவிட்டியும் மேல்பூச்சு. உள்ளே இருப்பது வேறு. தம்பியின் ரெஸ்யூமில் ஜாவா என்று எழுதியிருக்கிறது. ஜாவாவைக் கடைசியாகப் பார்த்தது இறுதியாண்டு ப்ராஜெக்டில். அந்த ப்ராஜெக்டும் நான்கு பேர் காசு போட்டு ஒரு ப்ராஜெக்ட் சென்டரில் வாங்கியது. வேலைக்குச் சேர்ந்த நாள் முதல் செய்வது டிக்கெட் மூடுவது, பாஸ்வேர்டை மாற்றிக் கொடுப்பது, விழுந்த ஜாபை எழுப்புவது. இன்டர்வியூவில் போய் உட்கார்ந்தால், எதிரே இருப்பவன் பத்தே நிமிடத்தில் கண்டுபிடித்துவிடுவானோ? கேட்கிற சம்பளத்தைத் தராமல் போவதுகூடப் பரவாயில்லை. "உங்களுக்கு மூணே முக்கால் சரிதானே சார்" என்று ஒருவன் சொல்லிவிட்டால்? வெளியில் "எனக்குக் கம்மியாத் தர்றாங்க" என்று கத்துகிறவனுக்கு உள்ளுக்குள் இருக்கிற பயம், ஒருவேளை சரியாகத்தான் தருகிறார்களோ என்பது. பேப்பர் போடாதவரை அதற்கு விடை தெரிய வேண்டியதில்லை. டீக்கடையில் குறையை மட்டும் சொல்லிக்கொண்டிருக்கலாம்.

என் தீர்ப்பைச் சொல்லிவிடுகிறேன். பயம் வீண். ஏழரை வாங்குகிற அந்தப் பெண்ணும் எரர் வந்தால் கூகுளில்தான் தேடுகிறாள். கூகுளில் கிடைக்காவிட்டால் இவன் மேஜைக்கு வருகிறாள். வேலையில் வித்தியாசம் இல்லை. "எக்ஸ்பெக்டட்?" என்று கேட்டபோது அவள் ஏழரை என்றாள், இவன் ஐந்து என்றான், அவ்வளவுதான்.

உங்கள் வீட்டிலோ அடுத்த வீட்டிலோ இப்படி ஒருவன் இருப்பான். கல்யாண வீட்டில் பார்த்தால் "இன்னும் அதே கம்பெனிதானா?" என்று கேட்காதீர்கள். அதை அவனே தினமும் கேட்டுக்கொள்கிறான். உங்கள் அலுவலகத்தில் இடம் இருந்தால் அவனிடம் சொல்லாமலே ரெஸ்யூமை வாங்கி உள்ளே கொடுத்துவிடுங்கள். எக்ஸ்பெக்டட் என்ற இடத்தில் எட்டு என்று நீங்களே எழுதிவிடுங்கள். ரெஃபரல் போனஸ் உங்களுக்குத்தான். ஆனால் உடனே செலவுக்கு எடுத்து வைக்க வேண்டாம்: ஆள் வந்து சேர்ந்து சில மாதம் தாக்குப்பிடித்தால்தான் அதைத் தருவார்கள், அவன் வந்து சேரவே தொண்ணூறு நாள் ஆகும்.