வருஷம் ஓடினால் தாலி தானாக இறங்காது

கேள்வி: பதினான்கு வருஷமாக அவர் ஓர் ஊர், நான் ஓர் ஊர். “இவ்வளவு நாளாச்சு, அது முடிஞ்சு போன கதைதான்” என்கிறார் என் அண்ணன். சரிதானா?
– வாசகி, தெலுக் இந்தான்

பதில்: இல்லைம்மா. பதினான்கு என்ன, நாற்பது வருஷம் பிரிந்திருந்தாலும் நீதிமன்ற ஆணை வரும்வரை நீங்கள் அவர் மனைவிதான். இரண்டு வருஷம் தொடர்ந்து பிரிந்து வாழ்ந்தால் விவாகரத்து கேட்க மலேசியாவின் 1976ஆம் ஆண்டுத் திருமணச் சட்டம் அதை ஒரு காரணமாக ஏற்கும். காரணம் கையில் இருப்பது வேறு, காரியம் முடிவது வேறு. அண்ணனிடம் இன்னொன்றும் சொல்லுங்கள். நாளை நீங்கள் உயில் எழுதாமல் கண்ணை மூடினால், பாடுபட்டு வாங்கிய உங்கள் வீட்டில் அந்த மனிதருக்கும் பங்கு உண்டு. பிள்ளைகள் இருந்து, உங்கள் தாய் தகப்பன் இல்லையென்றால் அது மூன்றில் ஒரு பங்கு.

கேள்வி: இரண்டு பேருக்கும் சம்மதம், சண்டை எதுவும் இல்லை. பதிவிலாகாவில் கையெழுத்துப் போட்டால் போதாதா?
– ஊத்தான் மெலிந்தாங்

பதில்: பதிவிலாகா கல்யாணத்தைப் பதியும், பிரித்து வைக்காது. அதற்கு உயர்நீதிமன்றம் போக வேண்டும். உங்களுக்கு அது ஈப்போ. இருவரும் சேர்ந்து ஒரே மனு போடலாம், கூட்டு மனு என்பார்கள். கல்யாணமாகி இரண்டு வருஷம் கடந்திருக்க வேண்டும், அவ்வளவுதான். யார்மேல் தப்பு என்று எழுத வேண்டாம், யாரையும் சாட்சிக்கு இழுக்க வேண்டாம், சமரசக் குழுவின் முன்பும் போய் நிற்க வேண்டாம். நீதிபதி முதலில் இடைக்கால ஆணை கொடுப்பார். வழக்கறிஞர்கள் அதை ‘டிக்ரி நைசை’ என்பார்கள். பொதுவாக மூன்று மாதம் கழித்துத்தான் அது இறுதியாகும். அந்த மூன்று மாதத்துக்குள் மண்டபத்துக்கு முன்பணம் கட்டிவிட்டு வந்து நிற்பவர்கள் உண்டு. வேண்டாம். இறுதி ஆணைக்கு முன் இன்னொரு கல்யாணம் செய்தால் அது செல்லாது, குற்றமும்கூட. இறுதி ஆணை கைக்கு வந்ததும் பதிவிலாகாவுக்குப் போய் அதைப் பதிந்துகொள்ளுங்கள்.

கேள்வி: எனக்கு வேண்டும், அவர் ஒத்துக்கொள்ள மாட்டேன் என்கிறார். அப்போது?
– சங்காட் ஜோங்

பதில்: தனியாக மனு போடுங்கள். ஆனால் அதற்கு முன் பதிவிலாகாவின் சமரசக் குழுவுக்குப் போயாக வேண்டும். அவர் வராமலே இருந்தால் அதையும் அவர்கள் எழுதிக் கொடுப்பார்கள். அது உங்களுக்கு உதவும்.

கேள்வி: எங்கள் கல்யாணம் 1979இல் தோட்டத்து மாரியம்மன் கோயிலில் நடந்தது. ரிஜிஸ்டர் பண்ணவே இல்லை. பண்ணாத கல்யாணத்துக்கு விவாகரத்து எதற்கு என்று மகன் கேட்கிறான்.
– லங்காப்

பதில்: மகன் நினைப்பது தப்பு. மேலே சொன்ன 1976ஆம் ஆண்டுத் திருமணச் சட்டம் நடப்புக்கு வந்தது 1982 மார்ச் 1ஆம் தேதி. அதற்கு முன் நம் வழக்கப்படி முறையாகத் தாலி கட்டிய கல்யாணம் எல்லாம் பதிந்ததாகவே கருதப்படும் என்று சட்டமே சொல்கிறது. ஆகவே நீங்களும் கோர்ட்டு வழியாகத்தான் பிரிய வேண்டும்.

கல்யாணம் நடந்ததை நிரூபிப்பதில்தான் பலர் தடுமாறுகிறார்கள். போன வருஷம் ஒரு அம்மா பிஸ்கட் டின் ஒன்றை மடியில் வைத்துக்கொண்டு என்னிடம் வந்தார். உள்ளே கல்யாணப் பத்திரிகை, நான்காக மடித்தது. நாலு மூலையிலும் தடவிய மஞ்சள் இன்னும் போகவில்லை. அதன் அடியில் ஒரு கறுப்பு வெள்ளைப் படம். பெண்ணும் மாப்பிள்ளையும் நடுவில், பக்கத்தில் தோட்டத்துக் கிராணி, பின்னால் லயத்து ஆட்கள். “இதெல்லாம் எதுக்குய்யா உதவும்?” என்று கேட்டார். உதவும். பத்திரிகை, படம், பிள்ளைகளின் பிறப்புப் பத்திரம், கல்யாணத்தைக் கண்ணால் பார்த்த ஒரு பெரியவரின் வாக்குமூலம், எல்லாமே ஆதாரம்தான். தோட்டங்கள் துண்டாடப்பட்டு, லயங்கள் இடிந்து, ஆட்கள் ஆளுக்கொரு பக்கம் போய்விட்டார்கள். பார்த்தவர்கள் உயிரோடு இருக்கும்போதே எழுதி வாங்கிவிடுங்கள்.

1982க்குப் பிறகு கோயிலில் மட்டும் தாலி கட்டியவர்களின் நிலைமை வேறு. பதியாத கல்யாணத்தைச் சட்டம் கல்யாணமாகவே பார்க்காது. அதனால் விவாகரத்தும் இல்லை, மனைவி என்ற பங்கும் இல்லை. பிள்ளைக்கு மட்டும் 1950ஆம் ஆண்டுப் பராமரிப்புச் சட்டத்தின் கீழ் தகப்பனிடம் பணம் கேட்கலாம். கோயிலில் ஊர் கூடிச் செய்த கல்யாணத்தை ஒரு தாளில் பதியாமல் விட்டதால் வெறுங்கையோடு நிற்கும் பெண்களைப் பார்க்கும்போது எனக்கு மனசு ஆறுவதில்லை. இன்று மகளுக்குக் கல்யாணம் பேசுபவர்கள், தாலிக்கு நாள் பார்க்கும்போதே பதிவுக்கும் நாள் பாருங்கள்.

கேள்வி: “எதுவும் கேட்காதே, கையெழுத்து மட்டும் போடு, சீக்கிரம் முடிந்துவிடும்” என்கிறார். எனக்கும் நிம்மதி கிடைத்தால் போதும் என்றிருக்கிறது. போடலாமா?
– பாகான் டத்தோ

பதில்: இன்றைக்குப் போடாதே தங்கச்சி. எதிர்ப்பில்லாத விவாகரத்து என்றால் சண்டை இல்லை என்றுதான் அர்த்தம், உரிமை இல்லை என்று அர்த்தமில்லை. கூட்டு மனுவிலும் நீதிபதி இரண்டு விஷயம் பார்ப்பார்: இருவரும் மனமொப்பித்தான் கேட்கிறார்களா? மனைவிக்கும் பிள்ளைகளுக்கும் தகுந்த ஏற்பாடு எழுதியிருக்கிறதா? ஆனால் தாளில் என்ன இருக்கிறதோ அதைத்தானே அவர் பார்க்க முடியும்! நீ வாய் திறக்காவிட்டால் உனக்காக வேறு யாரும் எழுத மாட்டார்கள்.

வீடு யார் பெயரில் இருந்தாலும், கல்யாணத்துக்குப் பிறகு வாங்கியது என்றால் உன் உழைப்புக்கு அதில் கணக்கு உண்டு. நீ வேலைக்குப் போகாமல் வீட்டையும் பிள்ளைகளையும் பார்த்துக்கொண்டதும் உழைப்புதான். சட்டம் அதையும் எண்ணச் சொல்கிறது. மகன் கல்லூரியில் படிக்கிறான் என்று எழுதியிருக்கிறாய். 18 வயதோடு தகப்பன் பொறுப்பு முடிகிறது என்று உன் கணவர் சொல்வது பழைய கணக்கு. 2018 டிசம்பர் 15 முதல் நடப்பில் உள்ள திருமணச் சட்டத் திருத்தப்படி, மேற்படிப்பு முடியும்வரை பராமரிப்புக் கேட்கலாம்.

உனக்கு இப்போது பணம் தேவையில்லை என்றாலும் ‘மாதம் 1 வெள்ளி பராமரிப்பு’ என்று எழுதி வைக்கும் வழக்கம் ஒன்று உண்டு. அந்த ஒரு வெள்ளியில் அரிசி வாங்க முடியாதுதான். ஆனால் நாளைக்கு உடம்பு முடியாமல் போனால், அதைக் கூட்டித் தரச் சொல்லி மறுபடி கோர்ட்டுக்குப் போக அது வழி வைத்திருக்கும். வக்கீல் வைக்க வசதியில்லை என்றால் அரசாங்கத்தின் சட்ட உதவி இலாகாவிலும் வழக்கறிஞர் மன்றத்தின் சட்ட உதவி மையத்திலும் கேள். தாளை வீட்டுக்கு வாங்கி வந்து இரண்டு ராத்திரி படி. புரியாத வரிக்குக் கீழே கோடு போட்டு வை.

கேள்வி: எட்டு வருஷமாக ஆள் எங்கே என்றே தெரியவில்லை. யாரிடம் சம்மதம் வாங்குவது?
– சுங்கை மாணிக்

பதில்: இருக்கும் இடம் தெரியாதபடி விட்டுப் போயிருந்தால் சமரசக் குழுவுக்குப் போகத் தேவையில்லை. நேராக மனு போடலாம். மனுவை நேரில் கொடுக்க முடியாதபோது, நீதிமன்ற அனுமதியோடு நாளிதழில் விளம்பரம் போட்டு நோட்டீஸ் கொடுக்கலாம். அவரைத் தேடிப் பார்த்ததற்கு அத்தாட்சி வையுங்கள்: உறவினரிடம் கேட்டது, பழைய முதலாளியிடம் விசாரித்தது எல்லாம்.

கேள்வி: அவர் இஸ்லாத்துக்கு மாறிவிட்டார். வழக்கு எந்தக் கோர்ட்டில்?
– ஈப்போ

பதில்: இருவரும் முஸ்லிம் அல்லாதவர்களாக இருந்து செய்துகொண்ட கல்யாணம் என்றால் உயர்நீதிமன்றத்தில்தான். முன்பு மதம் மாறாதவர் மட்டும்தான் மனு போட முடிந்தது. அதே 2018 திருத்தத்துக்குப் பிறகு இருவரில் யாரும் போடலாம். பிள்ளைகளையும் மதம் மாற்றிவிடுவாரோ என்ற பயம் இருந்தால், உங்கள் ஊர்ப் பாலர் பள்ளி ஆசிரியை இந்திரா காந்தியின் வழக்கில் 2018 ஜனவரி 29இல் கூட்டரசு நீதிமன்றம் சொன்ன தீர்ப்பைப் பற்றி வக்கீலிடம் கேளுங்கள். அவர் வருஷக்கணக்கில் போராடி வாங்கிய தீர்ப்பு அது.

கேள்வி: அம்மாவுக்கு 63 வயது. பிரிந்து முப்பது வருஷம். இப்போதுதான் விவாகரத்து வேண்டும் என்கிறார். சித்ரா பௌர்ணமிக்கு தண்டாயுதபாணி கோயிலுக்குப் போனால் நாலு பேர் கேட்பார்களே என்று எங்களுக்குக் கூச்சம். எப்படித் தடுப்பது?
– தெலுக் இந்தான்

பதில்: தடுக்காதீர்கள் தம்பி. ஏன் இப்போது என்று அம்மாவிடம் கேட்டீர்களா? சேமநிதிப் பணம், வீட்டுப் பத்திரம், மருத்துவமனையில் ‘நெருங்கிய உறவு’ என்று கணவன் பெயரை எழுத வேண்டிய சங்கடம், இதில் எதுவாகவும் இருக்கலாம். எந்தக் காரணமும் இல்லாமலும் இருக்கலாம். முப்பது வருஷம் நாலு பேருக்குப் பதில் சொன்னது அவர்தான், நீங்கள் இல்லை. விசாரணை நாளன்று காலையிலேயே ஈப்போவுக்குப் புறப்பட வேண்டியிருக்கும். அம்மாவைத் தனியாக பஸ் ஏற்றி அனுப்பாதீர்கள். ஒரு நாள் லீவு போட்டுக் காரை எடுங்கள். பசியாறிவிட்டுக் கிளம்புங்கள், அங்கே காத்திருக்க நேரமாகும்.