பெல்ட் பாஸ்

கண்டியிலும் சுற்றுப்புற ஊர்களிலும் கைத்தொழில் தெரிந்தவர் எல்லோருக்கும் பொதுப்பெயர் பாஸ். சுவர் கட்டுபவர் மேசன் பாஸ், வாகனம் பார்ப்பவர் கராஜ் பாஸ். இவர்களுக்கு நடுவே, எந்தப் பெயர்ப்பலகையிலும் இடம்பெறாத ஒரு கிளை உண்டு: பெல்ட் பாஸ். அரிசி மில், மிளகாய்த்தூள் மில், கைடிரக்டர், கொங்கிறீட் மிக்ஸர் என்று பெல்ட் ஓடும் எதுவும் தன் ஆட்சிக்கு உட்பட்டது என்பது அவர் கொள்கை. வயது ஐம்பதுக்கு மேல். சட்டைப் பையில் டெஸ்டர், வாயில் வெற்றிலை, பின்னால் கோலயா எனப்படும் ஒரு கையாள். திறமையில் குறையில்லை. பெல்ட்டை மாற்றுவதில் மட்டும் அவருக்கு விருப்பமில்லை.

இந்தக் குணம் முழுமையாக வெளிப்படுவது ஏறி உட்கார்ந்து ஓட்டும் பழைய புல்வெட்டி மெஷினிடம்தான். கண்டி சரிவான ஊர். இங்கே பெரும்பாலான புல் தோளில் மாட்டும் மெஷினால்தான் வெட்டப்படுகிறது. 147 ஏக்கர் பேராதனைப் பூங்கா, பல்லேகலை மைதானம், திகன பக்கத்துக் கோல்ஃப் திடல் போன்ற இடங்களை விட்டால், ஏறி ஓட்டுமளவுக்குப் புல்வெளி அபூர்வம். ஆனாலும் யாரோ ஒரு வளவுக்காரர் எங்கேயோ ஏலத்தில் ஒன்றை எடுத்துவிடுகிறார். ஸ்டிக்கர் உரிந்து, மொடல் இலக்கம் அழிந்து, கையேடு இல்லாமல் அது வந்து சேரும். 2022இல் பெற்றோல் வரிசை நீண்ட மாதங்களில் அசையாமல் கிடந்ததில், பெல்ட் புல்லியின் வளைவையே நிரந்தர வடிவமாக ஏற்றுக்கொண்டிருக்கும். பிறகு ஒரு நாள், எசல பெரஹராவுக்கு விருந்தினர் வர இரண்டு கிழமை இருக்கும்போது, எஞ்சின் முழங்க முழங்க மெஷின் ஏற்றத்தில் நின்றுவிடும். கருகிய ரப்பர் மணம் வரும். பாஸுக்கு ஆள் போகும்.

பாஸ் மெஷினைத் தொடுவதில்லை. ஸ்டார்ட் பண்ணச் சொல்லித் தலையைச் சாய்த்துக் கேட்பார்.

“பெல்ட்டுக்கு ஒண்ணும் இல்ல சேர். கொஞ்சம் இழுத்து விட்டா இன்னும் ரெண்டு வருஷம் ஓடும்.”

இழுத்து விடுவது என்பது பெல்ட்டை இறுக்கிப் பிடிக்கும் ஐட்லர் புல்லியின் ஸ்பிரிங்கை அடுத்த துளையில் மாட்டுவது. அந்தத் துளை இல்லாவிட்டால் பாஸ் அதைப் போடுவார். இரண்டு நாள் மெஷின் குதிரையாக ஓடும். மூன்றாம் நாள் கீச்சிடத் தொடங்கும். அதற்குச் சவுக்காரம். ஓடும் பெல்ட்டின் ஓரத்தில் காய்ந்த சவுக்காரக் கட்டியைத் தேய்த்ததும் சத்தம் நின்றுவிடும். வழுக்கல் நிற்காது, கூடும். ஆனால் புகார் சத்தத்தைப் பற்றித்தானே வந்தது?

இதில் பாஸ் அறியாதது எதுவும் இல்லை. இந்தப் பெல்ட் அடிப்பக்கத்தால் இழுப்பதில்லை, இரு பக்கச் சாய்வும் புல்லியின் பள்ளத்தில் ஆப்புப் போல இறுகுவதால்தான் இழுக்கிறது. புது பெல்ட்டின் முதுகு புல்லியின் விளிம்போடு ஏறத்தாழ ஒட்டி நிற்கும். பக்கங்கள் தேய்ந்தால் பெல்ட் உள்ளே இறங்கும். பள்ளத்தின் அடியைத் தொட்டுவிட்டால், எவ்வளவு இழுத்துக் கட்டினாலும் பிடிக்காது. பள்ளத்தின் அடி கண்ணாடிபோல் மினுங்கினால் நோய் முற்றிவிட்டது என்று பொருள். இதைக் கோலயாவுக்கு மணிக்கணக்கில் விளக்குவார். வளவுக்காரரிடம் சொல்வது மட்டும் இழுத்து விடுவதைப் பற்றி.

கடைசியில் பெல்ட் தானே அறுந்து வழக்கை முடித்து வைக்கும். பாஸ் அதைத் தோளில் மாலையாகப் போட்டுக்கொண்டு பஸ் ஏறிக் கண்டி டவுனுக்குப் போவார். இலக்கம் அழிந்த பெல்ட்டுக்குச் சாம்பிள்தான் அடையாள அட்டை. கடைக்காரர் அதை நீட்டிப் பிடித்து அளப்பார். இங்கே இரண்டு ஆபத்துகள். ஓடி ஓடி நீண்டுபோன பெல்ட்டின் அளவுக்கு வாங்கினால், புதியது முதல் நாளே தளர்வாக இருக்கும். இன்னொன்று இலக்கக் குழப்பம்: ஏ 68 என்றால் உள்சுற்று 68 அங்குலம், 4எல் 700 என்றால் வெளிச்சுற்று 70 அங்குலம். இரண்டும் கிட்டத்தட்ட ஒரே நீளம். 700 என்று அச்சிட்டதை 70 என்று படித்து ஏ 70 வாங்கியவர்கள் உண்டு. மெஷின் உறுமுமே தவிர நகராது.

நீளம் சரியாக அமைந்தாலும் கடையில் கிடைப்பது பெரும்பாலும் மில் பெல்ட். மில்லில் பெல்ட் ஒரே இறுக்கத்தில் ஓடும். புல்வெட்டியிலோ பெல்ட்டே கிளச். பெடலை மிதிக்கும்போதெல்லாம் தளர்ந்து வழுக்கி மறுபடி பிடிக்க வேண்டும். அதற்கென்றே தடித்த துணியுறையும் அராமிட் நாரும் வைத்துச் செய்த பெல்ட் வேறு. பாஸின் தீர்ப்பு: “ரெண்டும் கறுப்புத்தானே சேர்.”

மாட்டும் நாளில்தான் பாஸின் அருமை தெரியும். பற்றரி வயரையும் பிளக் வயரையும் கழற்றாமல் கையை உள்ளே விடமாட்டார். கிளச் பெடலை மிதித்து ஹேண்ட் பிரேக்கில் பூட்டினால் பெல்ட் தளரும் என்பது அவருக்கு யாரும் சொல்லித் தந்ததல்ல. வெட்டும் பகுதியைப் பின்களை உருவிக் கீழே இறக்கி, அதன் பெல்ட்டை முதலில் எடுப்பார். எஞ்சின் புல்லியில் அது கீழ்ப் பள்ளத்தில் இருப்பதால் அதை எடுக்காமல் மேலே போக முடியாது. பெல்ட் கழன்று விழாமல் காக்கும் கம்பிகளைத் தளர்த்துவார். எஞ்சின் சீலிலிருந்து ஒயில் கசிகிறதா என்று விரலால் தடவி மோந்து பார்ப்பார், ஒயில் பட்டால் எந்தப் பெல்ட்டும் வழுக்கும் என்பதால். ஐட்லரைச் சுழற்றிவிட்டு, அதன் பெயாரிங் கரகரப்பதைக் கேட்டு, ஒன்றும் சொல்லாமல் இருப்பார்.

பெல்ட் போகும் வழியில் மட்டும் சறுக்கல் வரும். கழற்றும் முன் கோலயா போனில் படம் எடுத்திருப்பான். “இதுக்கெல்லாம் போட்டோவாடா?” என்று பாஸ் சிரித்திருப்பார். மாட்டும்போது பெல்ட் காப்புக் கம்பிக்கு வெளியே போகிறதா உள்ளே போகிறதா, பின்பக்க ஐட்லரில் முதுகு படுகிறதா வயிறு படுகிறதா என்று ஒரு கணம் கை தடுமாறும். வளவுக்காரர் தேத்தண்ணி கொண்டுவர உள்ளே போன நேரம் பார்த்து, மெல்லிய குரலில், “அந்தப் போனக் கொஞ்சம் காட்டு.”

சோதனை ஓட்டம் எப்போதும் ஏற்றத்தில்தான். மெஷின் ஏறிவிடும். பாஸ் இறங்கமாட்டார், புல்வெளியை இன்னும் இரண்டு சுற்று வந்து, அடுத்த வளவில் இருப்பவர் எட்டிப் பார்த்த பிறகே நிறுத்துவார்.

கூலி கேட்டால் வாயால் ஒரு தொகை வராது. “சேர் பார்த்துக் குடுங்க” என்பார். கொடுத்ததை எண்ணாமல் மடித்துப் பையில் வைப்பார். மடிப்பின் தடிப்பிலேயே கணக்கு முடிந்துவிடும். போதுமென்றால் கோலயாவைக் கூப்பிட்டுக்கொண்டு கிளம்புவார். போதாதென்றால் ஸ்பானரை மறுபடி கீழே வைத்துவிட்டு, ஐட்லர் பெயாரிங்கைப் பற்றிப் பேசத் தொடங்குவார்.