இருபத்திரண்டா, இருபத்து நாலா?

ஆப்ஷன்காரரை அம்பத்தூர் எஸ்டேட் டீக்கடைகளில் பார்க்கலாம். முப்பதைத் தாண்டியவர், நாற்பதைத் தொடாதவர். ஐ.டி. கம்பெனி அடையாள அட்டையைச் சட்டைப் பைக்குள் செருகியிருப்பார். டீ ஆறி ஏடு கட்டிக்கொண்டிருக்கும். அவர் போனை முறைத்துக்கொண்டிருப்பார். ஸ்கோர் பார்க்கிறார் போல என்று எட்டிப் பார்த்தால் திரையில் ஒரு மரப்பலகை. விரலால் தள்ளுவார். இன்னொரு மரப்பலகை. முதல் பலகைக்கும் இதற்கும் நமக்கு வித்தியாசம் தெரியாது. அவருக்குத் தெரியும். "ரெண்டுமே நல்லாத்தான் இருக்கு" என்று பெருமூச்சு விடுவார். மனிதர் எலெக்ட்ரிக் கிட்டாருக்கு ஆர்டர் கொடுக்கப் போகிறார் என்பதை அந்தப் பெருமூச்சிலேயே கண்டுபிடித்துவிடலாம்.

கடையில் தொங்குவதை வாங்கிக்கொண்டு வந்தால் ஆகாதா? ஆகாது. 1842-ல் தொடங்கிய, அண்ணா சாலை மியூசி மியூசிக்கல் வாத்தியக் கடைக்கும் போய்வந்தவர்தான். ஒன்றில் நிறம் பிடித்தது, கழுத்து பிடிக்கவில்லை. இன்னொன்றில் கழுத்து பிடித்தது, தலை பிடிக்கவில்லை. எல்லாம் பிடித்த ஒன்று அங்கே இருந்திருக்கவும் கூடும். ஆனால் அதை வேறு யாரோ அல்லவா தீர்மானித்திருக்கிறார்கள்!

அவரை மட்டும் குறை சொல்வதில் நியாயமில்லை. ஊர் அப்படிப்பட்டது. ஆவடி டாங்கித் தொழிற்சாலையில் 1965-ல் முதல் விஜயந்தா வெளியே வந்தது. அம்பத்தூரில் டி.ஐ. சைக்கிள். அதைச் சுற்றி, கார் கம்பெனிகளுக்குப் புஷ்ஷும் பிராக்கெட்டும் செய்துதரும் நூற்றுக்கணக்கான ஷெட்டுகள். இந்தப் பக்கத்தில் எந்த ஷெட்டுக்குள் நுழைந்து என்ன கேட்டாலும் "முடியாது" என்று சொல்ல மாட்டார்கள். "ட்ராயிங் இருக்கா?" என்றுதான் கேட்பார்கள். ட்ராயிங் இருந்தால் உலகில் செய்ய முடியாத பொருள் இல்லை என்று நம்பும் மண்ணில் பிறந்தவர் நம்மாள். போதாக்குறைக்கு, அப்பா ஆவடி டாங்கித் தொழிற்சாலையில் டர்னராக இருந்து ஓய்வு பெற்றவர்.

கையால் கிட்டார் கட்டுகிறவர்கள் நாட்டில் அங்கங்கே இருக்கிறார்கள். ஆரோவில்லில் எரிசா நியோகி கட்டுகிறார். நம்மாளுக்கு வாய்த்தவர் எஸ்டேட்டின் பின்தெருவில் ஒரு தகர ஷெட்டில் இருக்கிறார். வார்ப்படப் பட்டறைகளுக்கு மர பேட்டர்ன் செதுக்கிய குடும்பம். அந்த வேலை குறைந்ததும் பிள்ளை கிட்டார் பக்கம் திரும்பிவிட்டார். கெட்டிக்காரர், பொறுமைசாலி. அவர் செய்த ஒரே பிழை, வாடிக்கையாளர் நிரப்பித் தருவதற்காக இரண்டு பக்கத்தில் ஒரு படிவம் அச்சடித்து வைத்திருந்தது. நம்மாள் அதை வீட்டுக்கு எடுத்துப்போய் எக்ஸலில் ஏற்றினார். இரண்டு பக்கம் ஏழு ஷீட் ஆயிற்று. அப்பா பார்த்துவிட்டு, "எந்த ட்ராயிங்குக்கும் ரிவிஷன் நம்பர் போடணும்டா" என்றார். அன்றிலிருந்து அது ரெவ். 1, ரெவ். 2 என்று வளர ஆரம்பித்தது.

முதலில் உடம்புக்கு மரம். ஃபெண்டர் கம்பெனி ஐம்பதுகளின் நடுவிலிருந்து பெரிதும் ஆல்டர் மரத்தில் செய்தது. கிப்சனின் லெஸ் பால் மஹோகனி. அம்மா சாப்பாடு போட்டுக்கொண்டே கேட்டுக்கொண்டிருந்தார். "ஆல மரத்தையா வெட்டப் போறீங்க? தட்சிணாமூர்த்தி உக்கார்ற மரம்டா அது." ஆல்டர் அமெரிக்க மரம், ஆலுக்கு உறவே இல்லை என்று விளக்கிப் பார்த்தார். "எந்த ஊரா இருந்தா என்ன, மரம் மரம்தானே?" என்றார் அம்மா. என்னைக் கேட்டால் அம்மா ஒலியியலின் மையப்புள்ளிக்கே வந்துவிட்டார். உள்ளே பொந்து இல்லாத கெட்டிப் பலகை கிட்டாரில் சத்தத்தைப் பிடிப்பது கம்பிக்குக் கீழே இருக்கும் பிக்கப், அதாவது காந்தமும் அதைச் சுற்றிய செப்புக் கம்பியும். பலகையின் பங்கு கொஞ்சம்தான். இதை ஆப்ஷன்காரரிடம் சொல்லிப் பாருங்கள், நட்பு முறிந்துவிடும்.

அடுத்தது விரல் ஓடும் பலகை. ஈட்டியா, கருங்காலியா, மேப்பிளா? பிரேசில் 1969-ல் தன் ரோஸ்வுட் கட்டைகளை வெளியே அனுப்புவதை நிறுத்தியதும் அமெரிக்க கிட்டார் கம்பெனிகள் திரும்பிப் பார்த்தது நம் மேற்குத் தொடர்ச்சி மலை ஈட்டி மரத்தைத்தான். 2011 ஆகஸ்டில் அமெரிக்க அதிகாரிகள் கிப்சன் ஆலைகளில் சோதனை போட்டு அள்ளிக்கொண்டு போனதும் இந்தியாவிலிருந்து போன ஈட்டியும் கருங்காலியுமே. இந்தச் சரித்திரம் முழுவதும் நம்மாளுக்கு மனப்பாடம். உள்ளூர் மரம் என்று தெரிந்ததும் ஈட்டிமேல் இருந்த மோகம் லேசாகக் குறைந்தது. கருங்காலி என்று வாயெடுத்ததும் அம்மாவின் முகம் மலர்ந்தது. "செவ்வாய்க்கு நல்லதுடா. மாலை வாங்கிப் போட்டுக்கோன்னு எத்தனை நாளா சொல்றேன்! கிட்டார்ல வச்சா கழுத்துல போட்ட மாதிரிதானே, வார் மாட்டித்தானே வாசிப்ப?" ரெவ். 4-ல் கருங்காலி உறுதியாயிற்று. காரணம் என்ற கட்டத்தில் 'கடினத்தன்மை' என்று எழுதியிருக்கிறார்.

கழுத்துக்கு வறுத்த மேப்பிள். சூட்டில் வாட்டி ஈரத்தை இறக்கிய மரம், நம் ஊர்ப் புழுக்கத்துக்கு அவ்வளவாக வளைந்து கொடுக்காது. "எண்ணெயிலயா வறுப்பாங்க?" என்றார் அம்மா. கம்பிகள் தலைப்பக்கம் உட்காரும் சின்னக் கட்டைக்குப் பெயர் நட். அதை மாட்டெலும்பில் செய்வது மரபு. எலும்பு என்ற சொல் காதில் விழுந்ததும் அடுப்படியில் பாத்திரச் சத்தம் நின்றது. ரெவ். 5: செயற்கைப் பொருள்.

இதெல்லாம் சில்லறை. அசல் யுத்தம் ஃப்ரெட், அதாவது விரல் பலகையின் குறுக்கே பதிக்கும் உலோகக் கோடுகளின் எண்ணிக்கையில் நடந்தது. இருபத்திரண்டா, இருபத்து நாலா? 24 போட்டால் ஒவ்வொரு கம்பியிலும் இரண்டு ஸ்தாயி முழுசாகக் கிடைக்கும். ஆனால் விரல் பலகை நீண்டுவிடுவதால் கழுத்துப் பக்கத்து பிக்கப் கொஞ்சம் பின்னால் தள்ளிப் போகும். அந்த இடத்துக்கே உரிய குண்டு நாதம் மெலிந்துவிடும். 22 என்றால் நாதம் உண்டு, உச்சியில் இரண்டு சுரம் கிடையாது. அந்த உச்சிச் சுரங்களை இவர் என்றைக்காவது தொட்டிருக்கிறாரா என்பது அநாகரிகமான கேள்வி. காரில் போகும்போதெல்லாம் 22 என்று முடிவு செய்வார். வாவின் சிக்னலில் நிற்கும்போது 24 ஆகிவிடும். மனைவி ஒருநாள் நள்ளிரவில் விழித்து, "என்ன பண்றீங்க?" என்றதற்கு, "யோசிக்கிறேன்" என்றார். வீட்டுக் கடன் வாங்கியபோதுகூட இவர் இப்படி யோசித்ததில்லை என்பது அந்த அம்மாளின் வாக்குமூலம்.

"வீணைக்கு எத்தனை மெட்டு?" என்றார் சிறு வயதில் இரண்டு வருஷம் வீணை படித்த அம்மா. அவரே பதிலும் சொன்னார்: "இருபத்து நாலு." சரஸ்வதி கையில் இருப்பதற்கே 24 என்றால் இவன் யார் 22 கேட்க! ஆனால் அம்மா எடுத்துவிட்ட வீணை வேறொரு பூதத்தையும் கிளப்பியது. வீணையில் கம்பியை இழுத்துக் கமகம் போடுகிறார்கள். கிட்டாரிலும் ஃப்ரெட்டுகளுக்கு நடுவே பலகையைக் குடைந்துவிட்டால் விரல் மரத்தில் படாமல் கம்பியை அமுக்கி வளைக்கலாம். எஸ். ராமநாதனிடம் வீணை கற்ற ஜான் மெக்லாஃப்லின் எழுபதுகளில் 'சக்தி' குழுவுக்காக அப்படிக் குடைந்த கிட்டாரை வைத்திருந்தார். மாண்டலின் ஸ்ரீநிவாஸ், எட்டுக் கம்பி மாண்டலினை விட்டுவிட்டு ஐந்து ஒற்றைக் கம்பியோடு மின்சார மாண்டலினை எடுத்துக்கொண்டார். வாத்தியத்தைத் தனக்காகத் திருத்திக்கொண்டவர்கள் இவர்கள். நம்மாளுக்கு இந்தப் பட்டியல் பெரிய பலம். அவர்கள் வாசித்து வாசித்து எங்கே இடிக்கிறது என்று கண்டுபிடித்த பிறகு திருத்தினார்கள் என்ற சின்ன வித்தியாசத்தை அவர் பொருட்படுத்துவதில்லை.

பட்டறைக்காரர் ஒருநாள் அலுத்துப்போய், "இருபத்து மூணு போட்டுடலாமா சார்?" என்றார். கிண்டல்தான். நம்மாள் அந்த வாரம் முழுவதும் அதைப் பரிசீலித்தார்.

அப்பாவைப் பட்டறைக்கு அழைத்துப்போனது அதற்குப் பிறகு. அப்பாவுக்கு சங்கீதம் என்றால் காலையில் ரேடியோவில் வருவது. ஆனால் கம்பியின் நீளம் 648 மில்லிமீட்டர், அதை 17.817-ஆல் வகுத்தால் முதல் ஃப்ரெட்டின் தூரம், மிச்சத்தை மறுபடி வகுத்தால் இரண்டாவது என்று பட்டறைக்காரர் சொன்னதும் நிமிர்ந்து உட்கார்ந்தார். தினசரிக் காலண்டர் தாளின் பின்பக்கத்தில் கணக்குப் போட்டார். பன்னிரண்டாவது ஃப்ரெட் 324-ல் வந்து நின்றது. "பாதி! கரெக்டா பாதி வருதுடா!" என்றார். பிள்ளை பிறந்தபோதுகூட அவர் அப்படிச் சிரித்ததில்லை என்று அம்மா பிற்பாடு சொன்னார்.

"டாலரன்ஸ் என்ன தம்பி?"

"பாயிண்ட் ஒன் வரும்ண்ணே."

"மில்லிமீட்டரா?" என்று கேட்டுவிட்டு அப்பா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அந்த மௌனத்தைத் தாங்க முடியாமல் பட்டறைக்காரர், "ரூட்டர்ல பாயிண்ட் நாட் ஃபைவுக்குக் கொண்டாந்துடலாம்ண்ணே" என்று இறங்கி வந்தார்.

அப்பாவின் பொறியியலுக்கு எட்டாத ஒரே விஷயம் 'ரெலிக்'. புதுக் கிட்டாரை வேண்டுமென்றே சுரண்டி, பெயிண்டைப் பெயர்த்து, இரும்பைத் துருவேற்றி, நாற்பது வருஷம் மேடையில் அடிபட்டது போல ஆக்கித் தருவது. அதற்குக் கூடுதல் கட்டணம். அப்பா இரண்டு தடவை கேட்டு உறுதிப்படுத்திக்கொண்டார்.

"ஸ்கிராட்ச் போடுறதுக்குக் காசா?"

"ஆமாப்பா."

"போடாம இருக்கிறதுக்கு?"

"அது சாதா ரேட்."

"ஏண்டா, காலைல எட்டரை மணி ஆவடி லோக்கல்ல சென்ட்ரல் வரைக்கும் ஒரு தடவை கொண்டு போய்ட்டு வாடா. ஓசியில ஆயிடும்."

நிறத்திலும் அப்பாவுக்கு அபிப்பிராயம் உண்டு: ஆலிவ் பச்சை. அழுக்கு தெரியாது, எதிரிக்கும் தெரியாது. இதில் சிரிக்க ஒன்றுமில்லை. ஃபெண்டர் கம்பெனியே அறுபதுகளில் தன் சிறப்பு நிறங்களை டூபாண்ட்டின் கார் பெயிண்ட் அட்டையிலிருந்துதான் எடுத்தது. லேக் பிளாசிட் ப்ளூ என்று இன்று உருகுகிறார்களே, அது காடிலாக் காருக்கு அடித்த நீலம். அந்தக் கணக்கில் பாடியில் டிங்கரிங் பெயிண்டிங் போர்டு மாட்டியிருக்கும் எந்த ஷெட்டும் ஃபெண்டருக்கு ஒன்றுவிட்ட தம்பிதான். நம்மாள் கடைசியில் தேர்ந்தெடுத்த நிறம் வெயிலில் பச்சையாகவும் டியூப்லைட்டில் நீலமாகவும் தெரியும். இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுக்க முடியாதவருக்குப் பொருத்தமான நிறம்.

பிக்கப் விஷயத்தில் அதிகம் அலையவில்லை. ஒற்றைச் சுருள் போட்டால் வீட்டு மின்சாரத்தின் 50 ஹெர்ட்ஸ் முனகலும் சேர்ந்து வாசிக்கும். 1955-ல் கிப்சனின் சேத் லவர், இரண்டு சுருளை எதிரும் புதிருமாகச் சுற்றி அந்த முனகலை அடக்கினார். வீட்டில் ஃப்ரிட்ஜ், ஏ.சி., இன்வெர்ட்டர் மூன்றும் ஒரே சுவருக்கு அந்தப்பக்கம். ஆகவே இரட்டைச் சுருள். ஆனால் வேண்டும்போது ஒற்றையாகவும் மாறுவதற்கு ஒரு ஸ்விட்ச். ஸ்விட்ச் இருந்தால் முடிவெடுக்கும் பொறுப்பைத் தள்ளிப்போடலாம் என்று கண்டுகொண்டதும் இன்னும் மூன்று ஸ்விட்சுகள் சேர்ந்தன. "இதுக்கு மேல போட்டா பேனல் போர்டு ஆயிடும் சார்" என்றார் பட்டறைக்காரர்.

வாசிப்பாரா என்று கேட்கிறீர்கள். வாசிப்பார். தமிழ்நாட்டில் கிட்டார் தொட்ட எல்லோரையும் போல 'இளைய நிலா'வின் ஆரம்பத்தை வாசிப்பார். 1982-ல் வந்த படத்துக்காக ஆர். சந்திரசேகர் சாதாரணமாக மீட்டிவிட்டுப் போன அந்த இடம், இவர் கையில் திருமுல்லைவாயில் வாசலில் புறப்பட்டு அம்பத்தூர் வருவதற்குள் இரண்டு தடவை தடுக்கும். பழைய கிட்டாரின் கழுத்து சரியில்லை என்பது அவர் கட்சி. புதுக் கிட்டார் வந்தால் எல்லாம் சரியாகிவிடும். அதுவரை பழையதைத் தொடுவதில்லை, கை பழக்கம் கெட்டுவிடும்.

மனைவி ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்: "எங்க வைப்பீங்க?" அதற்காக ஷீட் 8 திறக்கப்பட்டது. சுவர் மாட்டியா, ஸ்டாண்டா, கடினப் பெட்டியா?

ரெவ். 14-ல் அப்பா 'அப்ரூவ்டு' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். முன்பணம் போயிற்று. மரம் வந்து இறங்கியது. பலகையைக் குறித்து ரூட்டரில் ஏற்றுவதற்கு முந்தின நாள் சாயங்காலம் பட்டறைக்காரர் போன் செய்தார்.

"சார், எல்லாம் ஓகே. நம்ம ஃபார்ம்ல மொத லைன் மட்டும் உங்க எக்ஸல்ல காணோம். ஃபார்மாலிட்டிக்குக் கேக்குறேன். ரைட் ஹேண்ட்தானே?"

நம்மாள் வலது கையை ஒருமுறை பார்த்துக்கொண்டார். பிறகு இடது கையை.

"அதுல ஆப்ஷன் இருக்கா ப்ரோ? ஹெண்ட்ரிக்ஸ் லெஃப்ட்டுதானே வாசிச்சாரு?"