காகித யந்திரத்தின் பிரதாபம்

ஸ்டுட்கார்ட்,
ஐப்பசி மாதம்.

மகாராஜராஜஸ்ரீ மாமா அவர்கள் திருச்சமூகத்திற்கு மருமகன் அநேக நமஸ்காரம். இவ்விடம் தங்கள் குமாரத்தியும் குழந்தைகளும் நானும் க்ஷேமம். அவ்விடத்து க்ஷேமலாபங்களுக்குப் பதில் எழுதக் கோருகிறேன்.

தங்கள் கடிதம் கிடைத்தது. பத்திர எழுத்தர் தொழிலை விட்ட பிறகும் குடும்பத் தஸ்தாவேஜுகளைக் காக்கும் உத்தியோகம் தங்களை விடவில்லை என்றும், டிரங்குப் பெட்டிக்குள் கறையான் புகுந்துவிடுமோ என்ற கவலை இந்த மழைக்காலத்தில் அதிகமாகியிருக்கிறது என்றும், ஜெர்மனியிலிருந்து ஒரு ஸ்கேனரும் அதனோடு காகிதங்களைத் தானே ஒழுங்கு செய்யும் மென்பொருளும் வந்துவிட்டால் பெட்டியையே பழைய இரும்புக்காரனுக்குப் போட்டுவிடலாம் என்று மைத்துனன் யோசனை சொல்வதாகவும் எழுதியிருந்தீர்கள். அப்படிப்பட்ட யந்திரம் ஒன்று என் மேஜைமீது வீற்றிருப்பதை அறிந்து, அதைப் பற்றிய என் அபிப்பிராயத்தையும் கேட்டிருந்தீர்கள். அபிப்பிராயத்திற்குப் பஞ்சமில்லை, தபால் கட்டணத்தை உத்தேசித்துச் சுருக்கியே எழுதுகிறேன்.

முதலில் இந்தத் தேசத்தார் காகிதத்தின்மேல் வைத்திருக்கும் பக்தியைத் தாங்கள் அறியவேண்டும். மேல்நாடு என்றால் சகல காரியங்களும் காகிதமில்லாமலே நடந்துவிடும் என்று நம் ஊரில் ஒரு பிரமை உண்டு. இங்கேயோ வரி அலுவலகம், காப்பீட்டுக் கம்பெனி, வங்கி, வீட்டுக்காரர் ஆகிய நால்வரும் போட்டி போட்டுக்கொண்டு உறையிட்ட கடிதங்களை அனுப்புகிறார்கள். காகிதத்தில் துளையிடும் கருவிக்கு 1886-இல் பான் நகரத்து பிரீட்ரிக் ஸோயன்னெக்கன் என்பவர் காப்புரிமை கோரினார். நெம்புகோல் வைத்துத் திறந்து மூடும் தடித்த அட்டைப் பைலை 1896-இல் இதே ஸ்டுட்கார்ட் நகரத்து லூயிஸ் லைட்ஸ் என்பவர் செம்மைப்படுத்தினார். வால்டர் போர்ஸ்ட்மன் என்ற பொறியாளர் வகுத்த காகித அளவுகள் 1922-இல் தேசத்தின் நியமமாக வெளிவந்து, இன்று நம் ஊர் ஜெராக்ஸ் கடையில்கூட ஏ4 என்ற பெயரில் ஆட்சி செய்கின்றன. இரண்டு துளைகளுக்கும் இடையே எட்டு சென்டிமீட்டர் என்பது தேசம் முழுவதற்கும் பொதுவாதலால், எவர் வீட்டுக் காகிதமும் எவர் வீட்டுப் பைலிலும் பொருந்தும். மனிதர்கள்தாம் அவ்வளவு சுலபமாகப் பொருந்துவதில்லை. இவ்வளவும் போதாதென்று, மின்னணுக் கல்லா வைத்திருக்கும் கடைக்காரர்கள் ஒவ்வொரு விற்பனைக்கும் ரசீது கொடுத்தே தீரவேண்டும் என்று 2020 ஜனவரி முதல் சட்டம் வந்தபடியால், காலையில் ஒரு ரொட்டி வாங்கினால் அதனோடு ஒரு துண்டுக் காகிதமும் வீட்டிற்குள் பிரவேசிக்கிறது. ரொட்டி தீர்ந்துவிடுகிறது, காகிதம் தீர்வதில்லை.

இந்த நிலையில்தான் மேற்படி யந்திரம் வந்தது. பெட்டியின்மேல் ஒரு ஸ்திரீயின் படம். அவள் முன்னால் துடைத்துவைத்த மேஜை. முகத்தில், கடன் முழுவதையும் அடைத்துத் தீர்த்தவர்களிடம் மட்டுமே காணக்கூடிய ஒரு சாந்தி. காகிதங்களை வாயில் கொடுத்தால் போதும், யந்திரம் அவற்றைப் படித்து, ரசீது எது, கடிதம் எது, விஸிட்டிங் கார்டு எது என்று தானே பகுத்து, தேதியும் தொகையும் குறித்து அறைகளில் அடுக்கிவிடும் என்பது அதன் வாக்குறுதி.

வாக்குறுதியின் முதற்பகுதியாகிய உண்ணுதலில் யந்திரத்தின் சாமர்த்தியத்தைக் குறைத்துச் சொல்ல முடியாது. உருளைகள் சுழல, தாளின் இரண்டு பக்கங்களையும் ஒரே மூச்சில் படம் பிடித்து மறுபுறம் தள்ளிவிடுகிறது. ஆனால் அது ஏற்பது நிமிர்ந்த, உலர்ந்த, மடிப்பில்லாத, ஊசி குத்தாத காகிதங்களை மட்டுமே. உறையிலிருந்து எடுத்த மடிப்புக் கடிதங்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டால், கல்யாணப் பந்தியில் அவசரக்காரன் ஒருவன் ஈரமான இரண்டு இலைகளைப் பிரிக்காமல் சேர்த்து விரித்துவிடுவதுபோல, அதுவும் இரண்டு தாள்களைச் சேர்த்தே இழுத்துவிட்டு, பிறகு சிவப்பு விளக்கை எரியவிட்டு நம்மேல் குற்றம் சாட்டுகிறது. வெப்பத்தால் அச்சேறும் கடை ரசீதுகளோ, மெல்லியனவாதலால் உருளையில் சுருண்டு, மறுமுனையில் விசிறி மடிப்பாக வெளிவருகின்றன.

இரண்டாம் பகுதி வாசித்தல். மென்பொருள் அமெரிக்காவில் பிறந்தது. காகிதமோ ஜெர்மனியில் அச்சானது. இங்கே ஆயிரத்தைப் பிரிக்கப் புள்ளியும், தசமத்தைக் குறிக்கக் காற்புள்ளியும் இடுவார்கள். அங்கே வழக்கம் நேர்மாறானது. ஆகவே 1.250,00 யூரோ என்று வீட்டுக்காரர் எழுதிய மாத வாடகையை யந்திரம் ஒன்றேகால் யூரோ என்று பதிவு செய்து, என்னை இந்த நகரத்திலேயே மகா பாக்கியசாலியான குடித்தனக்காரனாக்கிவிட்டது. தேதி விஷயத்திலும் இதே கதை: இங்கே நாள் முன்னும் மாதம் பின்னுமாக எழுதுவதை அது மாதம் முன்னாகப் படித்து, ஏப்ரல் மூன்றாந்தேதிக் கணக்கை மார்ச் நான்காந்தேதியில் கொண்டுபோய் வைத்தது. மளிகைக் கடைச் சீட்டில் உணவுப் பண்டங்களுக்கு 7 சதவிகிதமும் மற்றவற்றிற்கு 19 சதவிகிதமும் வரி தனித்தனியே அச்சிடப்பட்டிருக்கும். அவற்றுள் ஏதேனும் ஒன்றை மொத்தத் தொகையென்று கொள்வதில் அதற்கு எவ்விதத் தயக்கமும் இல்லை. சீட்டின் அடியில் பெரிய எழுத்தில் தெரிவிக்கப்படும் நன்றியைக் கடையின் பெயராக அது எடுத்துக்கொண்டபடியால், என் கணக்கின்படி நான் மருந்தும் காய்கறியும் மழைக்கோட்டும் வாங்குவது நன்றி என்ற ஒரே வியாபாரியிடத்தில்தான்.

இவற்றையெல்லாம் திருத்திக்கொள்ளலாம், சந்தேகமில்லை. ஒவ்வொரு காகிதத்திற்கும் ஒரு படிவம் திரையில் தோன்றுகிறது. இது என்ன வகை, எந்தக் கோப்புறையில் சேர்ப்பது, வரிக்கு உதவுமா, எத்தனை வருஷம் வைப்பது என்று அது பணிவோடு வினவுகிறது. எந்தக் கேள்விகளுக்குப் பதில் சொல்லச் சோம்பிக் காகிதங்கள் மேஜைமீது குவிந்தனவோ, அந்தக் கேள்விகளையே யந்திரம் ஒன்றுவிடாமல் திருப்பிக் கேட்கிறது. குவியல் மேஜையிலிருந்து கணினிக்குள் இடம் மாறியது ஒன்றுதான் பலன். மேஜையில் இருந்தபோதாவது அதன் உயரம் கண்ணுக்குத் தெரிந்து மனசாட்சியை உறுத்திற்று.

இனி முக்கியமான சம்பவத்திற்கு வருகிறேன். இந்நாட்டில் வெப்பச் செலவை வீட்டுக்காரர் வருஷத்திற்கொருமுறை கணக்கிட்டுக் குடியிருப்போரிடையே பங்கிடுவார். அதில் நூற்றுக்கு 50-க்குக் குறையாமலும் 70-க்கு மேற்படாமலும் உள்ள பகுதியை, அவரவர் உபயோகத்தை அளந்தே வசூலிக்கவேண்டும் என்பது சட்டம். அதற்கென்று ஒவ்வொரு வெப்பமூட்டியிலும் ஒரு சிறு அளவி ஒட்டப்பட்டிருக்கிறது. சென்ற கணக்கில் எங்கள்மேல் விழுந்த தொகை, நாங்கள் வீட்டில் ஆட்டுப்பண்ணை வைத்து ஆடுகளுக்கும் வெப்பமூட்டினோமோ என்று ஐயுறும்படி இருந்தது. ஆட்சேபம் தெரிவிக்கப் பன்னிரண்டு மாத அவகாசம் உண்டு. வேண்டியதெல்லாம், குடிவந்த அன்று வீட்டுக்காரரும் நானும் கையெழுத்திட்ட ஒப்படைப்புப் பத்திரமும், அதன் பின்புறத்தில் அவரே பென்சிலால் குறித்த அளவி எண்களுமே. பத்திரம் யந்திரத்திற்குள் சேமமாக இருந்தது, பின்புறத்தைத்தான் காணவில்லை. மங்கிய பென்சில் எழுத்தை அழுக்கென்று கருதி, அந்தப் பக்கத்தை வெறும் பக்கமென்று தீர்மானித்து, இடத்தை மிச்சப்படுத்தும் பொருட்டு யந்திரம் தானாகவே அதை நீக்கிவிட்டிருந்தது. இந்தக் குணத்தை விளம்பரப் பத்திரிகையில் ஒரு சிறப்பம்சமாகவே அச்சிட்டிருக்கிறார்கள்.

பதறிப்போய் நின்ற எனக்குத் தங்கள் குமாரத்தி ஒரு வார்த்தையும் பேசாமல், அடுக்களை அலமாரியின் மேல்தட்டிலிருந்து ஒரு தடித்த பைலை இறக்கிக் கொடுத்தாள். யந்திரம் உண்டு கழித்த காகிதங்களை நான் அறியாமல் துளையிட்டு அவள் அதில் சேர்த்து வந்திருக்கிறாள். பைலின் முதுகில் தேதியுமில்லை, வகையுமில்லை; "வீட்டுக்காரர் – வெப்பச் சண்டை வரும்" என்று தமிழில் எழுதியிருந்தது. பக்கத்தில் "பள்ளிக்கூடம் – கட்டண வாக்குவாதம்", "சைக்கிள் திருட்டு – காப்பீட்டுக்காரன் மறுப்பான்" என்று வேறு பைல்களும் இருந்தன. பார்த்த மாத்திரத்தில் தங்கள் டிரங்குப் பெட்டி என் கண்முன் நின்றது. கிழக்கு வயல் வரப்புத் தகராறு, சின்னப் பாட்டி நகை விவகாரம், கிணற்றுப் பங்கு என்று தாங்கள் துண்டுச் சீட்டு எழுதி நாடா கட்டி வைத்த கட்டுகளின் வம்சம் ஸ்டுட்கார்ட் வரை தழைத்திருக்கிறது. வீட்டுக்காரர் தம் பென்சில் எழுத்தைக் கண்டதும் கணக்கைத் திருத்திக்கொடுத்தார் என்பதையும் தங்கள் சந்தோஷத்திற்காகத் தெரிவிக்கிறேன்.

அன்றுமுதல் எனக்கு ஒன்று விளங்கிற்று. குடும்பத்தில் காகிதத்தைக் காப்பது நாளைக்கு எவரோ வந்து இல்லையென்று சாதிப்பார் என்ற பயத்தினால்தான். ஆகவே அதைத் தகராறு வாரியாக அடுக்குவதே இயற்கை. யந்திரத்திற்குத் தேதி தெரியும், தொகை தெரியும், வியாபாரியின் பெயர் அரைகுறையாகத் தெரியும்; எவரோடு நமக்கு மனஸ்தாபம் என்பது மட்டும் தெரியாது. வரப்போகும் சண்டையை அறியாதவன் கையில் தஸ்தாவேஜைக் கொடுத்து அடுக்கச் சொல்வதில் என்ன பிரயோஜனம்?

மென்பொருளின் பிற்காலச் சரித்திரத்தையும் சொல்லிவிடுகிறேன். ஒருமுறை விலை கொடுத்து வாங்கியதற்கு வருஷந்தோறும் சந்தா கட்டவேண்டுமென்று விதி மாறியது. கணினி புதிய பதிப்பிற்கு மாறியதும் பழைய மென்பொருள் திறக்க மறுத்தது. காகிதப் படங்களை வெளியே எடுத்துக்கொள்கிறேன் என்றால், நான் பிரயாசைப்பட்டு இட்ட தலைப்புகளையெல்லாம் உதிர்த்துவிட்டு, வெறும் வரிசை எண்களோடு ஒரே மூட்டையாகக் கொடுத்தது. பத்திரம் நம்முடையது, பூட்டுச் சாவி கம்பெனியுடையது. வட்டி கட்டத் தவறினால் வாசற்படியில் நிற்கவேண்டியதுதான். இத்தகைய ஏற்பாட்டில் தங்கள் கட்சிக்காரர் எவரேனும் கையெழுத்திட வந்திருந்தால், தாங்கள் பேனாவை மூடி வைத்துவிட்டு, முதலில் வீட்டுக்குப் போய்ப் பெரியவர்களைக் கலந்துகொண்டு வரச் சொல்லியிருப்பீர்கள்.

என் வீட்டு அனுபவம் ஒருபுறமிருக்க, உலகம் அறிந்த ஒரு விவகாரத்தையும் கேளுங்கள். 2013-ஆம் வருஷத்தில் டேவிட் கிரீசல் என்ற ஜெர்மானியக் கணினி நிபுணர், ஜெராக்ஸ் கம்பெனி யந்திரத்தில் எடுத்த ஒரு கட்டிட வரைபடத்தின் நகலில், 14.13, 21.11, 17.42 சதுர மீட்டர் என்று இருக்கவேண்டிய மூன்று அறைகளும் ஒரே சீராக 14.13 என்று மாறியிருப்பதைக் கண்டு வெளியிட்டார். படத்தின் பருமனைக் குறைக்கும்பொருட்டு, ஒன்றுபோல் தோன்றும் உருவங்களை யந்திரம் ஒருமுறை மட்டும் சேமித்து, மற்ற இடங்களில் அதையே பதித்துவிட்டதுதான் காரணம்; 6 என்பது 8 ஆகவும் மாறியதுண்டு. பிறகு கம்பெனியார் மென்பொருளைத் திருத்திக் கொடுத்தார்கள். எழுத்து மங்கியிருந்தால் படிப்பவருக்குச் சந்தேகமாவது வரும். இதுவோ முத்து முத்தாக இருந்துகொண்டே பொய் சொல்லிற்று. 66 என்ற சர்வே எண் 88 ஆகிவிட்டால் கிழக்கு வயல் யாருடையதாகும் என்பதைத் தங்களுக்கு நான் விவரிக்கவேண்டியதில்லை.

இதற்கு நேர்மாறான உதாரணமும் உண்டு. இதே ஜெர்மனியில், பீலஃபெல்ட் சர்வகலாசாலையில் சமூகவியல் பேராசிரியராக இருந்து 1998-இல் காலமான நிக்லாஸ் லூமன் என்பவர், சுமார் 90,000 துண்டுச் சீட்டுகளை மரப்பெட்டிகளில் வைத்து, ஒவ்வொன்றிற்கும் எண் இட்டு, ஒரு சீட்டிலிருந்து மற்றொன்றிற்கு வழி காட்டும் குறிப்பும் எழுதி, அவற்றின் துணைகொண்டே பல பத்துப் புத்தகங்களை இயற்றினார். அந்தச் சீட்டுகளை இப்போது சர்வகலாசாலையார் ஸ்கேன் செய்து பாதுகாக்கிறார்கள். எந்தச் சீட்டு எதற்கு உறவு என்பதை அவர் தம் கையாலேயே எழுதி வைத்துவிட்டுப் போனதால்தான் அங்கே யந்திரத்திற்கும் ஒரு கௌரவம் கிடைத்தது.

ஆகையால் என் பிரார்த்தனை இது. மடித்து மடித்து ஓரம் நைந்த முத்திரைத் தாள்களை எக்காரணத்தாலும் உருளைக்குள் விடவேண்டாம். சார்பதிவாளர் எழுதிய பதிவுக் குறிப்பும் முத்திரையும் அவற்றின் பின்புறத்தில்தானே இருக்கின்றன! மைத்துனனுக்கு ஆசையிருந்தால், மேஜைமீது விரித்துக் கைப்பேசியால் முன்னும் பின்னும் படம் எடுக்கட்டும். படத்திற்குத் தங்கள் துண்டுச் சீட்டில் உள்ள தலைப்பையே பெயராக வைக்கட்டும். பதிவான பத்திரம் தொலைந்தாலும் பதிவு அலுவலகத்தில் நகல் கிடைக்கும். எந்தக் கட்டு எந்த வழக்குக்கு, எதிர்க்கட்சி யார், அவர் இப்போது நமக்குச் சம்பந்தியாகிவிட்டாரா என்பதற்கு மட்டும் எந்த அலுவலகத்திலும் நகல் மனு கொடுக்க முடியாது. ஆகவே அவன் தினம் ஒரு நாழிகை தங்கள் எதிரில் உட்கார்ந்து, தாங்கள் சொல்லச் சொல்ல ஒரு நோட்டுப் புத்தகத்தில் எழுதிக்கொள்ளட்டும். டிரங்குப் பெட்டிக்கு வேப்பிலையும், பெட்டியின் கால்களுக்கடியில் நான்கு செங்கற்களும் போதும். அடுத்த முறை வரும்போது நான் யந்திரம் கொண்டுவரப்போவதில்லை. இரண்டு துளையிடும் பஞ்சிங் மெஷின் ஒன்றும் சில பைல்களும் கொண்டுவருகிறேன்.

அத்தைக்கு என் நமஸ்காரம். இந்தக் கடிதத்தை உறையில் இடுமுன் தங்கள் குமாரத்தி வாங்கிப் படித்தாள். படித்து முடித்ததும் ஒரு நகல் எடுத்து, இரண்டு துளையிட்டு, "அப்பா – யந்திரம் பற்றிக் கேட்டதும் இவர் மறுத்ததும்" என்று எழுதிய புதிய பைலில் கோத்து வைத்துவிட்டாள். ஆகவே இதில் கண்ட எதையும் நான் பிற்பாடு மறுப்பதற்கில்லை.

இப்படிக்கு,
தங்கள் கீழ்ப்படிந்த மருமகன்.