நாசிக்கும் நாசியும்: திராட்சைமது ருசி பார்த்தல் குறித்த ஓர் ஆய்வு

ஒயினரி என்பது திராட்சைச் சாற்றை நொதிக்க வைத்து, காய்ச்சி வடிக்காமல், அந்த நிலையிலேயே நிறுத்திப் புட்டியில் அடைக்கும் ஆலை. அதைச் சுற்றிப் பார்ப்பது ஒரு செயல். அங்கே ஊற்றித் தருவதை ருசி பார்ப்பது வேறொரு செயல். முதலாவதற்குக் கால் போதும். இரண்டாவதற்கு மூக்கு வேண்டும். இரண்டும் ஒரே சீட்டில் அடங்கியிருப்பதால் பலர் கால்வலியை ருசியின் பகுதியாகவே நினைவில் வைத்துக்கொள்கின்றனர்.

தமிழ் வாசகருக்கு முதல் இடறல் சொல்லிலேயே இருக்கிறது. தமிழ்நாட்டில் ‘ஒயின் ஷாப்’ என்றால் பிராந்தியும் ரம்மும் பீரும் விற்கும் கடை. அங்கே போய் ஒயின் கேட்பவரை வரிசையில் நிற்பவர்கள் ஏற இறங்கப் பார்ப்பார்கள். சங்க காலத்தில் இக்குழப்பம் இருந்ததாகத் தெரியவில்லை. யவனர் கொண்டுவந்த தேறலைப் பாண்டியன் பொற்கலத்தில் அருந்தி மகிழ வேண்டும் என்று புறநானூற்றின் 56-ஆம் பாட்டு வாழ்த்துகிறது. அரிக்கமேட்டில் 1945-இல் மார்ட்டிமர் வீலர் அகழ்ந்தபோது ஆம்போரா என்னும் மதுச்சாடிகளின் ஓடுகள் கிடைத்தன. ஆக, இறக்குமதி ஒயினை மெச்சும் பழக்கம் தமிழருக்குப் புதிதன்று. மெச்சும்போது தலையைச் சாய்த்துக் கண்ணை மூடும் பழக்கம் மட்டுமே புதிது.

இந்தியாவில் இவ்வாய்வுக்கு உகந்த களம் மகாராஷ்டிரத்தின் நாசிக். கடல் மட்டத்திலிருந்து ஏறக்குறைய 600 மீட்டர் உயரத்தில், கோதாவரியின் தலைமாட்டில் உள்ள ஊர். ராமாயணத்தின் பஞ்சவடி இதுவே என்பது மரபு. இலக்குவன் சூர்ப்பணகையின் மூக்கை அரிந்த இடமாதலால் ‘நாசிகா’ என்ற சொல்லிலிருந்து ஊர்ப்பெயர் வந்தது என்பது அங்கு வழங்கும் கதை. ஒரு மூக்கு போனதால் பெயர் பெற்ற ஊர், வருகிறவர்களின் மூக்கையெல்லாம் கோப்பைக்குள் விடச் சொல்லி ஒரு தொழில் நடத்துகிறது. இதைத் தற்செயல் என்று தள்ளிவிடுவது ஆய்வாளருக்கு அழகன்று.

நாசிக் வெகுகாலமாகத் தின்னும் திராட்சைக்குப் பேர்போனது. கலிபோர்னியாவிலிருந்து திரும்பிய பொறியாளர் ராஜீவ் சாமந்த், தாயார் சுலபாவின் பெயரையொட்டித் தொடங்கிய ‘சுலா’ 2000-இல் தன் முதல் ஒயின்களை வெளியிட்டது. அடுத்த ஆண்டே மாநில அரசு திராட்சை பதப்படுத்தும் தொழிலுக்கெனத் தனிக் கொள்கை வகுத்தது. 2005-இல் சுலா பொதுமக்களுக்கு ருசிக்கூடம் திறந்தது. ‘நாசிக் பள்ளத்தாக்கு ஒயின்’ 2010-இல் புவிசார் குறியீடு பெற்றது. திரியம்பகேசுவரம் போகும் பக்தர் கூட்டமும் ஒயினரிக்குப் போகும் கூட்டமும் நகரை விட்டு ஏறக்குறைய ஒரே திசையில் கிளம்புகின்றன. எந்தக் கார் எதற்குப் போகிறது என்பதைக் காலை நேரத்தில் கண்டுபிடிக்க முடியாது, மாலையில் முடியும்.

சுற்றுலா தோட்டத்தில் தொடங்கும். ஐரோப்பாவில் திராட்சைக்கொடி பனிக்காலத்தில் இலையுதிர்த்து உறங்கும். தக்காணத்தின் வெயில் அதை உறங்க விடுவதில்லை. ஆகவே ஆண்டுக்கு இருமுறை கவாத்து செய்கிறார்கள்: கோடையில் கொடியைச் சீர்ப்படுத்த ஒன்று, மழை ஓய்ந்ததும் காய்ப்புக்கு ஒன்று. அறுவடையோ ஒன்றுதான், ஜனவரி முதல் மார்ச் வரை. வருகையாளருக்கு இவ்விவரம் காதில் ஏறுவதில்லை. அவர் கண் கொத்தின் மேல் இருக்கும். எதிர்பார்த்த உருண்டை திரண்ட பழம் அங்கே இராது. ஒயின் திராட்சை சிறியது, தோல் தடித்தது, விதை உண்டு. சாற்றைவிடத் தோலுக்குத்தான் இத்தொழிலில் மதிப்பு. சிவப்பு ஒயினின் நிறமும் துவர்ப்பும் தோலோடு ஊறுவதால் வருபவை. தோலை உடனே பிரித்துவிட்டால் கறுப்புத் திராட்சையிலிருந்தும் வெளிறிய ஒயின் எடுக்கலாம். இதைக் கேட்டதும் கூட்டத்தில் ஒருவர் ‘அப்படியா!’ என்பார். அவரே கடைசி வரை கேள்வி கேட்பவர்.

தொட்டிக்கூடத்தைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. குளிரூட்டிய எவர்சில்வர் தொட்டிகள், உள்ளே சர்க்கரையைத் தின்று சாராயச்சத்தையும் கரியமிலவாயுவையும் வெளியிடும் ஈஸ்ட், அடுத்த அறையில் 225 லிட்டர் கொள்ளும் ஓக் பீப்பாய்கள். வெளி வெயிலில் வந்தவர்கள் தொட்டிக்கூடத்தில் காட்டும் ஆர்வத்தில் கணிசமான பங்கு குளிர்ச்சிக்கு உரியது.

ருசிக்கூடமே ஆய்வின் மையம். நான்கைந்து வகை, ஒவ்வொன்றிலும் இரண்டு மடக்கு அளவு. முதற்கட்டம் பார்த்தல். கோப்பையைச் சாய்த்து வெள்ளைத் தாளின் மேல் நிறம் பார்க்க வேண்டும். பிறகு சுழற்ற வேண்டும். காற்றுப் படவும் மணம் எழவும் செய்யும் இச்செயல், டபராவில் காப்பி ஆற்றுவதன் ஒன்றுவிட்ட தம்பி. காப்பி ஆற்றுபவர் முழங்கையின் நீளத்தைக் காட்டுகிறார். ஒயின் சுழற்றுபவர் மணிக்கட்டின் பண்பாட்டைக் காட்டுகிறார். சுழற்றியபின் கோப்பையின் உட்சுவரில் துளித்துளியாக வழிவதை ‘ஒயின் கண்ணீர்’ என்பர். சாராயச்சத்து முந்தி ஆவியாவதால் பரப்பிழுவிசை மாறி, திரவம் மேலே இழுபட்டுத் துளியாகச் சரிகிறது. இதை ஜேம்ஸ் தாம்சன் 1855-இலேயே விளக்கிவிட்டார். கண்ணீர் எவ்வளவு சாராயச்சத்து என்பதைச் சொல்லும். ஒயின் நல்லதா என்பதைச் சொல்லாது. ஆயினும் கண்ணீரைக் கண்டதும் தலையசைக்காத வருகையாளர் அரிது.

அடுத்தது முகர்தல். இங்கே ஒரு தென்னிந்தியத் தடை உண்டு. பாத்திரத்தை உதட்டில் படாமல் தூக்கி அண்ணாந்து குடித்துப் பழகியவரின் மூக்கு, குடிக்கும் நேரத்தில் கலத்தை விட்டு விலகியே இருக்கும். ஒயினோ மூக்கைக் கலத்துக்குள் நுழைக்கச் சொல்கிறது. வீட்டில் எச்சில் என்று அதட்டப்படும் செயலுக்கு இங்கே பாராட்டு கிடைக்கும்.

முகர்ந்தபின் பெயர் சொல்ல வேண்டும். சிக்கல் இங்கேதான் முற்றுகிறது. கலிபோர்னியாவின் டேவிஸ் பல்கலைக்கழகத்தில் ஆன் நோபிள் 1984-இல் மணங்களை வட்டமாக அடுக்கி ஒரு சக்கரம் வெளியிட்டார். சோவின்யோன் பிளாங்க் என்னும் வெள்ளை ஒயினில் குடைமிளகாய் மணம் அடிப்பது கற்பனையன்று. பைரசின் என்னும் சேர்மம் இரண்டிலும் உண்டு. அதே ஒயினைப் பூனை மூத்திரம் போல் மணக்கிறது என்று நிபுணர் சொன்னால், அது பாராட்டாகவும் இருக்கக்கூடும். சிராஸ் ஒயினின் மிளகு வாடைக்குக் காரணமான ரோட்டண்டோன் மிளகிலும் இருப்பதை ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள் 2008-இல் வெளியிட்டனர். யவனர் மதுவை இறக்கி மிளகை ஏற்றிப் போனார்கள் என்பது வணிக வரலாறு. இரண்டையும் ஒரே கலத்தில் ஊற்றித் தர இரண்டாயிரம் ஆண்டு ஆயிற்று.

ருசிக்கூடத்தில் தரும் தாளில் அச்சிட்ட மற்ற மணங்கள் பெரும்பாலும் நெல்லிக்காயின் ஐரோப்பியத் தங்கை, கறுப்புக் கரண்ட், பேஷன் பழம் என்று போகும். இவற்றைக் கண்ணாலும் காணாதவர், தாளைப் படித்ததும் மூக்கில் உணர்கிறார். இதைப் பாசாங்கு என்று ஏளனம் செய்வதற்கில்லை. போர்டோவில் 54 ஒயினியல் மாணவர்களுக்கு வெள்ளை ஒயினில் மணமற்ற சிவப்புச் சாயம் கலந்து கொடுத்தபோது, அவர்கள் அதைச் சிவப்பு ஒயினுக்குரிய சொற்களால் வருணித்தார்கள். ஆய்வு 2001-இல் அச்சேறியது. படித்த மூக்கே கண்ணுக்குக் கட்டுப்படுமானால், வாரயிறுதி மூக்கு அச்சுத்தாளுக்குக் கட்டுப்படுவதில் என்ன தவறு? தமிழ் மூக்குக்கு உள்ளூர்ச் சரக்கும் குறைவில்லை. கம்பம் பள்ளத்தாக்கின் பன்னீர் திராட்சை, உலகம் மஸ்கட் ஹம்பர்க் என்றழைக்கும் வகையே. அதை முகர்ந்து வளர்ந்தவர் மஸ்கட் ஒயினைக் கண்ணைக் கட்டிவிட்டாலும் அடையாளம் காண வாய்ப்புண்டு. அவருக்குத் தேவை கொய்யா, மாவடு, நாவல், ஈரமண் என்று எழுதிய ஒரு தாள்.

வாய்க்கு வந்தால் நிலைமை தலைகீழ். சிவப்பு ஒயின் ஈறைப் பிடித்து நாக்கை உலர்த்துவது டானின் என்னும் துவர்ப்புச் சேர்மத்தின் வேலை. இதைப் புரியவைக்க வழிகாட்டி அரும்பாடு படுவார். அறுசுவையில் துவர்ப்பைச் சின்ன வயதிலேயே எண்ணிப் பழகியவருக்கு விளக்கமே வேண்டாம். வாழைப்பூ, கடுக்காய், கொட்டைப்பாக்கு என்று ஏற்கெனவே மூன்று ஆசிரியர்களிடம் பாடம் கேட்டவர் அவர்.

கடைசிக் கட்டம் துப்புதல். தொழில்முறைச் சுவைஞர் ஒரே நாளில் பல பத்து ஒயின்களைப் பார்ப்பதால் துப்பியே ஆக வேண்டும். அதற்கென மேசையில் ஒரு கலம் வைத்திருப்பார்கள். ஜமீன் வீடுகளில் வெற்றிலைக்கு வைத்த படிக்கத்தின் நேர் வாரிசு அது. காசு கொடுத்த வருகையாளர் அதைக் காலிக் கலமாகவே விட்டுப் போவார். இதன் விளைவு அளவிடத்தக்கது: முதற்கோப்பைக்கு ‘நல்லா இருக்கு’ என்ற இரண்டு சொல், மூன்றாவதற்கு ஒரு வாக்கியம், ஐந்தாவதற்கு வாழ்க்கை வரலாறு.

வெளியேறும் வழி விற்பனைக்கூடத்தின் ஊடாகவே அமைந்திருக்கும். ஐந்தாம் கோப்பைக்குப் பின் ஒருவர் தேர்ந்தெடுக்கும் புட்டி அவருடைய ரசனையைக் காட்டாது; ஐந்தாம் கோப்பையின் மிச்சத்தைக் காட்டும். கொடியும் தொட்டியும் முழு வேகத்தில் இயங்குவதைக் காண விரும்புவோர் பிப்ரவரியில் போவது நலம். மகாராஷ்டிரத்தில் ஒயின் அருந்த 21 வயது நிரம்பியிருக்க வேண்டும். அக்டோபர் 2 போன்ற மதுவிலக்கு நாளில் போக வேண்டாம். அன்று கோப்பையில் எதுவும் ஊற்றமாட்டார்கள்.